ஹப்புக்குள் சிக்கிய பேரிங்: சுத்தியலுக்கு முன்னால் சூடு

[திரையில்: பழைய டயரின் மேல் படுக்க வைத்த முன்சக்கரம்]

வணக்கம். இது யமஹா ஆர்எக்ஸ் 100-இன் முன்சக்கரம். 1996-லேயே உற்பத்தி நின்றுபோன வண்டி. சக்கரத்தின் நடுக்கட்டைதான் ஹப். அதற்குள் இருப்பது பேரிங், இரண்டு வளையங்களுக்கு நடுவே குண்டுகள் உருளும். விரலை உள்ளே விட்டு பேரிங்கைச் சுற்றிப் பார்க்கிறேன். கரகரவென்று மணல் அரைபடுவது போல் இருக்கிறது. மாற்றியே ஆக வேண்டும், ஆனால் அசையமாட்டேன் என்கிறது.

ஏன் அசையவில்லை? பேரிங் ஹப்புக்குள் தளர்வாக உட்காருவதில்லை, இறுக்கி ஏற்றப்பட்டது. அதன்மேல் வாட்டர் வாஷ் தண்ணீர், பேரிங்கை மூடியிருக்கும் ரப்பர் வளையமான ஆயில் சீலைத் தாண்டி உள்ளே போயிருக்கும். பேரிங் எஃகு, துருப்பிடிக்கிறது. ஹப் அலுமினியம், வெள்ளைப் பொடியாகப் பூக்கிறது. இரண்டும் சேர்ந்து பசை போட்ட மாதிரி பிடித்துக்கொள்கின்றன.

இந்த இடத்தில்தான் எல்லோரும் சுத்தியலை எடுக்கிறார்கள். நானும் எடுத்தேன், பல வருடங்களுக்கு முன். ஒரே பக்கமாக நாலு அடி. பேரிங் சாய்ந்து, உட்காரும் இடத்தைக் கீறிவிட்டது. அப்புறம் லேத் பட்டறையில் ஹப்பைக் கடைந்து, புஷ் என்கிற உலோக வளையம் போட்ட செலவில் நாலு செட் பேரிங் வாங்கியிருக்கலாம்.

சரி, முதலில் ஆக்சில் (சக்கரத்தின் அச்சு), பிரேக் பிளேட், ஆயில் சீல் எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். சில வண்டிகளில் சீலுக்கு அடியில் சர்க்ளிப், அதாவது பேரிங்கைப் பிடித்து நிறுத்தும் கம்பி வளையம், ஒளிந்திருக்கும். அதை விட்டுவிட்டுத் தட்டினால் நாள் முழுக்கத் தட்டலாம். மண்ணெண்ணெயில் கழுவியிருந்தால் நன்றாகத் துடைத்துக் காய விடுங்கள், அடுத்த வேலை சூடு. குளோரின் கலந்த பிரேக் கிளீனர் ஸ்பிரே மட்டும் வேண்டவே வேண்டாம். சூடு பட்டால் அது விஷவாயு ஆகும்.

[திரையில்: ஹீட் கன், ஹப்பைச் சுற்றி மெதுவாக நகர்கிறது]

ஒரே டிகிரி சூட்டுக்கு அலுமினியம் எஃகைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். 40 மில்லிமீட்டர் துளையை 80 டிகிரி கூடுதலாகச் சூடாக்கினால், பேரிங்கைவிடத் துளை சுமார் 0.035 மில்லிமீட்டர் அதிகம் விரிகிறது. பாதித் தலைமுடி அளவுதான், ஆனால் பிடி தளர அது போதும். தண்ணீரைத் தொட்டுத் தெளியுங்கள், தோசைக்கல் மாதிரி சுர்ரென்றால் பதம் சரி.

இனி உள்ளே பாருங்கள். இரண்டு பேரிங்குக்கும் நடுவில் குழாய் மாதிரி ஒரு ஸ்பேசர் இருக்கிறது. நீளமான கம்பியால் அதைக் கொஞ்சம் ஒதுக்கினால், கீழே இருக்கும் பேரிங்கின் உள்வளையம் பிறைநிலா மாதிரி தெரியும். அந்தப் பிறையில்தான் கம்பி உட்கார வேண்டும். இங்கே இரண்டு தட்டு, ஸ்பேசரை மாற்றி ஒதுக்கி எதிர்ப்பக்கம் இரண்டு தட்டு. அடிக்கும் சத்தத்தைக் கவனியுங்கள், இறுகி இருக்கும்வரை 'டங்'; நகர ஆரம்பித்தால் 'டொக்'. சூடு ஆறினால் மறுபடி சூடாக்குங்கள். பாதுகாப்புக் கண்ணாடி போடாமல் அடிக்காதீர்கள், பேரிங் எஃகு சில்லாகத் தெறிக்கும்.

[திரையில்: குண்டுகள் சிதறுகின்றன]

போச்சு. உள்வளையம் மட்டும் வந்துவிட்டது, வெளிவளையம் உள்ளேயே. கம்பி வைக்க விளிம்பே இல்லை. பயப்பட வேண்டாம், வெல்டிங் பட்டறைக்குத் தூக்கிக்கொண்டு போங்கள். வளையத்தின் உட்புறம் சுற்றிலும் ஒரு வெல்டிங் கோடு இழுக்கச் சொல்லுங்கள். ஆறும்போது வெல்டிங் சுருங்கி வளையத்தையும் உள்ளே இழுக்கும். சக்கரத்தைத் திருப்பிப் போட்டால் பெரும்பாலும் தானே விழும். எனக்கு இன்றும் இது மந்திரம் மாதிரிதான் தெரிகிறது.

கியர்பாக்ஸில் பின்பக்கம் மூடிய துளையில் இருக்கும் பேரிங் என்றால், நடுத்துளையில் கிரீஸை அடைத்து, துளைக்குச் சரியாகப் பொருந்தும் கம்பியை விட்டுத் தட்டுங்கள். கிரீஸ் பின்னால் போய் பேரிங்கைத் தள்ளும்.

புதியதை வாங்கும்போது பழையதன் எண்ணைப் பாருங்கள். 6302 என்றால் உள்துளை 15, வெளிவிட்டம் 42 மில்லிமீட்டர். பின்னால் 2ஆர்எஸ் என்று இருந்தால் இரு பக்கமும் ரப்பர் மூடி, நம் மழைக்கு அதுதான் நல்லது. முதல் நாள் இரவே ஃப்ரீசரில் போடுங்கள், ஹப்பை மறுபடி சூடாக்குங்கள். வெளிவளையத்தில் மட்டும் தட்டுங்கள், உள்வளையத்தில் அடித்தால் குண்டு ஓடும் தடத்தில் பள்ளம் விழும். ஒரு பக்கம் போட்டதும் ஸ்பேசர், அப்புறம்தான் மறுபக்கம். ஸ்பேசரை மறந்தால் ஆக்சில் நட்டை முறுக்கும்போதே இரண்டு பேரிங்கும் நசுங்கும்.

பழைய வெளிவளையத்தைத் தூக்கி எறியாதீர்கள். வெளிப்புறத்தைக் கிரைண்டரில் லேசாகத் தேய்த்தால், அடுத்த பேரிங்கை உள்ளே தட்ட அதைவிடப் பொருத்தமான டூல் கடையில் கிடைக்காது.