மலைநூல் தேடுவோருக்கு உற்ற துணை இணைய நண்பரே

நடுவர் அவர்களே, எதிரணிப் பெரியோரே, தருமபுரி வாசகர்களே, வணக்கம்.

மலையைப் பற்றிய நூல்களைச் சேகரிப்பவருக்கு உற்ற துணை உள்ளூர் நண்பரா, இணைய நண்பரா என்பது இன்றைய வழக்கு. எதிரணியில் பேசிய அம்மா, "கையில் எடுத்துப் புரட்டாத புத்தகத்தை வாங்காதே, முகம் தெரியாதவரை நம்பாதே" என்றார். காணாமலே நண்பர்களான கோப்பெருஞ்சோழனையும் பிசிராந்தையாரையும் எங்கள் அணித் தலைவர் சொல்லிவிட்டார். அதனால் நான் நேரே புத்தகத்துக்கு வந்துவிடுகிறேன்.

நம் மலைகளைப் பற்றிய பழைய நூல்கள் எந்தப் பெயரில் கிடக்கின்றன? தருமபுரி மாவட்டம் சேலத்திலிருந்து பிரிந்தது 1965இல். தருமபுரியிலிருந்து கிருஷ்ணகிரி பிரிந்தது 2004இல். ஆகவே லெ ஃபனு 1883இல் தொகுத்த மாவட்டக் கையேடும், ரிச்சர்ட்ஸின் 1918ஆம் ஆண்டு கெஜட்டியர் என்ற மாவட்ட விவரத் தொகுப்பும் சேலம் என்ற பெயரில்தான் இருக்கும். இன்னும் பின்னால் போனால் இந்தப் பகுதியின் பழைய பெயரான பாராமகால். 1792இல் இந்தப் பகுதி கிழக்கிந்தியக் கும்பினியார் கைக்குப் போன பிறகு அவர்களுடைய அதிகாரிகளான ரீடும் மன்றோவும் நிலமளந்து வரி போட்ட ஆவணங்கள் அந்தப் பெயரில்தான் அச்சாகியிருக்கின்றன. தருமபுரி என்று மட்டும் தட்டித் தேடுகிறவருக்கு இவற்றில் ஒன்றும் அகப்படாது. பல வருடம் இதே வேலையாக இருக்கும் ஒரு சேகரிப்பாளர் இதை ஒரே வரியில் சொல்லிவிடுவார். அப்படிப்பட்டவர் நம் தெருவிலேயே இருந்தால் பாக்கியம். பெரும்பாலும் அவர் கோவையிலோ, பெங்களூரிலோ, லண்டனிலோதான் இருக்கிறார்.

வேட்டைக்கதை எழுதிய கென்னத் ஆண்டர்சனை எடுத்துக்கொள்ளுங்கள். பென்னாகரம், அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டை, ஜவளகிரிக் காடுகளை உலகம் படித்தது அவர் எழுத்தில். முதல் நூல் 1954. தேன்கனிக்கோட்டைப் பக்கத்துச் சிவனிப்பள்ளியின் பெயரைத் தலைப்பிலேயே தாங்கிய நூல் 1959. இரண்டையும் வெளியிட்டது லண்டனின் ஆலன் அண்ட் அன்வின். நம் காட்டைப் பற்றிய முதற்பதிப்பு நம் ஊர்ப் பழைய புத்தகக் கடையை விட இங்கிலாந்தின் ஒரு வீட்டு அலமாரியில் இருக்கவே வாய்ப்பு அதிகம். உள்ளூர் நண்பர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் அந்த அலமாரியைத் திறந்து காட்ட முடியாது.

சரி, புரட்டிப் பார்க்காமல் எப்படி வாங்குவது? கேட்க வேண்டிய படங்களைக் கேட்டால் போதும். பதிப்புரிமைப் பக்கம் முழுதாகத் தெரிய வேண்டும். முதலில் வெளியான ஆண்டுக்குக் கீழே இரண்டாம் அச்சு, மூன்றாம் அச்சு என்று வரிகள் இருந்தால் அது முதல் அச்சு அல்ல. 1960களின் கடைசிவரை வந்த நூல்களுக்கு ஐஎஸ்பிஎன் என்ற நூல் அடையாள எண் கிடையாது. அந்த எண்ணைக் கொண்டு தேடினால் மறுபதிப்புகள்தான் வந்து நிற்கும். ஆசிரியர், பதிப்பகம், ஆண்டு மூன்றையும் சேர்த்துத் தேட வேண்டும்.

மேலுறையில்தான் ஏமாற்று நடக்கிறது. பின்னால் வந்த அச்சின் உறையை முதற்பதிப்புக்குப் போர்த்தி விலையை ஏற்றுவார்கள். கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. உறையின் பின்புறத்தையும் உள்மடிப்பையும் படம் எடுக்கச் சொல்லுங்கள். 1954ஆம் ஆண்டு நூலின் உறையில், அதே ஆசிரியர் 1957இல் எழுதிய நூலுக்கு விளம்பரம் இருந்தால் உறை வேறு, நூல் வேறு. உள்மடிப்பில் விலை போட்ட மூலை கத்தரித்திருந்தால் அதையும் எழுதி வாங்குங்கள், விலையைக் குறைத்துக் கேட்கலாம்.

மலைநூலுக்கென்று தனிச் சிக்கல் வரைபடம். கடைசியில் ஒட்டியிருக்கும் மடிப்பு வரைபடத்தைப் பிரித்துப் பிரித்தே மடிப்புக் கோட்டில் கிழித்திருப்பார்கள், அல்லது யாரோ உருவிக்கொண்டு போயிருப்பார்கள். முன்பக்கத்துப் பட்டியலை வைத்துப் படத்தாள்களை ஒவ்வொன்றாக எண்ணச் சொல்ல வேண்டும். விற்பவர் பொய் சொல்லாமலே தவறலாம், ஏனென்றால் பட்டியலை அவர் பார்த்திருக்கவே மாட்டார். ஜான் ஹன்ட் எழுதிய 1953ஆம் ஆண்டு எவரெஸ்ட் நூல் அமெரிக்காவில் வேறு தலைப்பில் வந்தது. தெரியாதவர் ஒரே நூலை இரண்டு என்று நினைத்து இரண்டு முறை காசு கொடுப்பார். இதை முன்கூட்டி எச்சரிப்பவர் யார்? அதே நூலைத் தன் அலமாரியில் வைத்திருக்கும் இன்னொரு சேகரிப்பாளர்.

"ஏமாற்றுக்காரர் உண்டே" என்பது நியாயமான கவலைதான், நான் மறுக்கவில்லை. அன்றைய தேதி எழுதிய துண்டுச் சீட்டை நூலின் மேல் வைத்துப் படம் அனுப்பச் சொல்லுங்கள். அடுத்தவர் படத்தைத் திருடிப் போட்டவர் அந்த இடத்திலேயே நழுவிவிடுவார். முதல் பரிமாற்றம் சிறிய தொகையாக இருக்கட்டும். "நல்ல நிலை" என்ற இரண்டு சொல்லோடு நிறுத்துகிறவரிடம் வாங்காதீர்கள். பழுப்புப் புள்ளி எத்தனை பக்கத்தில், முதுகுப்பட்டை தளர்ந்திருக்கிறதா, நூலக முத்திரை எங்கே என்று தானாகச் சொல்பவரே நெடுநாள் நண்பராவார்.

கட்டி அனுப்புவதையும் சொல்லிவிடுகிறேன். முதலில் காகிதம், அதன்மேல் நீர் புகாத பிளாஸ்டிக் உறை, அப்புறம் குமிழ்த்தாள், இரு பக்கமும் நூலைவிட ஒரு சென்டிமீட்டர் பெரிய கெட்டி அட்டை. குமிழ்த்தாளை நேரடியாக நூலின்மேல் சுற்றினால் வெயிலில் கிடக்கும் பார்சலில் மேலுறையில் வட்ட வட்டமாகத் தடம் விழும். வந்த நூலை உடனே அலமாரியில் நுழைக்காமல், மூடிய உறையில் இரண்டு வாரம் தனியே வையுங்கள். தூள் உதிர்ந்தால் உள்ளே பூச்சி இருக்கிறது.

நடுவர் அவர்களே, எனக்குப் பெரிதாகப் படுவது இனிமேல்தான். இந்த நட்பில் நாம் கை நீட்டி வாங்குபவர்கள் மட்டுமல்லர். நூலை வைத்திருக்கும் வெளிநாட்டு வாசகருக்குச் சிவனிப்பள்ளி எந்தத் திசை என்று தெரியாது. நூலில் வரும் ஓடை இன்னும் ஓடுகிறதா, அதில் வரும் வழித்தடம் ரோடாகிவிட்டதா என்பதும் தெரியாது. சர்வே வரைபட வரிசையில் ஓசூர், அஞ்செட்டிப் பக்கம் 57எச் எண் தாள், தருமபுரிப் பக்கம் 57எல். அந்தத் தாளை விரித்து, நூலில் வரும் இடத்தை இன்றைய ஊரோடு பொருத்திச் சொல்ல நம்மால் முடியும். அவர் விடுபட்ட ஒரு பக்கத்தின் படம் தருவார், நாம் அந்தப் பக்கம் பேசும் மலையைத் தருவோம். இந்தக் கொடுக்கல் வாங்கலை ஒரே ஊருக்குள் எப்படி நடத்துவது?

படி எடுத்துப் பகிர்வதில் மட்டும் கவனம் வேண்டும். 1883ஆம் ஆண்டுக் கையேட்டைத் தாராளமாகப் பகிரலாம். ஆண்டர்சன் இறந்தது 1974இல். நம் நாட்டுச் சட்டப்படி அதன்பின் 60 ஆண்டு, அதாவது 2034 முடியும்வரை, அவர் எழுத்துக்கு உரிமை இருக்கிறது. முழு நூலையும் பிடிஎஃப் ஆக்கிக் குழுவில் போடுவது நட்பாகாது. இமாலய ஏற்றங்களைப் படிக்க ஆசையென்றால் 1929 முதல் வரும் மலையேற்ற இதழான ஹிமாலயன் ஜர்னலின் பழைய இதழ்களை, அதை வெளியிடும் ஹிமாலயன் கிளப்பே தன் தளத்தில் திறந்து வைத்திருக்கிறது. அங்கே போங்கள்.

இணைய நட்பு திரையோடு நின்றுவிடும் என்றார் எதிரணி ஐயா. நிற்காது. முதல் சந்திப்பைப் புத்தகத் திருவிழாவில் வைத்துக்கொள்ளலாம், அடுத்ததைச் சாலை வசதியுள்ள வத்தல்மலையில். மேலகிரிக் காடு அப்படியல்ல. அங்கே பெரும்பகுதி 2014இல் காவிரி வடக்கு வன உயிரினச் சரணாலயமாகிவிட்டது, யானை நடமாடும் இடம். வனத்துறை அனுமதி இல்லாமல் யாரையும் அழைத்துப் போகக் கூடாது. அனுமதி கிடைத்துப் போகும்போதும் 1959ஆம் ஆண்டு முதற்பதிப்பைப் பையில் போட வேண்டாம். வேர்வையும் பனியும் துணி அட்டையைக் கறையாக்கிவிடும். வேண்டிய இரண்டு பக்கத்துக்கு ஜெராக்ஸ் போதும்.

தீர்ப்பு எங்கள் பக்கம் வர வேண்டுகிறேன். நன்றி, வணக்கம்.