மஞ்சள் பையில் வந்த பத்திரமும் ஒரு சட்டக் கட்டுரையும்

நேயர்களுக்கு வணக்கம். புதுச்சேரி நீதிமன்றத்தில் 25 வருடமாக சிவில் வழக்குகள் நடத்தி வருகிறேன். சட்டக் கல்லூரிகளிலிருந்து வருகிற ஆய்விதழ்களைப் பற்றிப் பேச முடியுமா என்று கேட்டார்கள், உடனே சரி என்றேன். அதெல்லாம் பேராசிரியர்கள் தங்களுக்குள் படித்துக்கொள்கிற சமாச்சாரம் என்று நானும் ஒரு காலத்தில் நினைத்தவன்தான். அந்த நினைப்பை மாற்றியது ஒரு வீட்டுப் பத்திரம்.

சில வருடங்களுக்கு முன் முத்தியால்பேட்டையிலிருந்து ஒரு அம்மா வந்தார், அறுபது வயது இருக்கும். இரண்டு அண்ணன்கள், இவர் கடைசி. அப்பா தான் சம்பாதித்துக் கட்டிய வீட்டை மூத்த மகன் பேருக்கு முழுசாக உயில் எழுதி வைத்துவிட்டுப் போய்விட்டார். "எனக்கு ஒண்ணுமே இல்லியா சார்?" என்று கேட்டார். நான் வழக்கம்போல, அவர் சுயமாக சம்பாதித்த சொத்து, உயில் எழுத உரிமை உண்டு, ஒன்றும் செய்ய முடியாதும்மா என்று சொல்லி அனுப்ப இருந்தேன். கிளம்பும்போது மஞ்சள் பையிலிருந்து ஒரு பழைய காகிதத்தை எடுத்து நீட்டினார். பிரெஞ்சில் இருந்தது. கொள்ளுத்தாத்தா ரெனோன்சான் ஆனபோது, அதாவது தன் சாதி, மத வழக்கச் சட்டத்தை விட்டுப் பிரெஞ்சுச் சட்டத்துக்கு மாறியபோது, எழுதிக் கொடுத்தது.

கடலூர்ப் பக்கம் கேட்டுக்கொண்டிருப்பவர்களுக்காக இதைச் சொல்கிறேன். 1881 செப்டம்பர் 21இல் பிரெஞ்சு அரசு ஓர் ஆணை போட்டது. இங்கே உள்ளவர் யாரும் தன் சாதி, மத வழக்கச் சட்டத்தை விட்டுவிடுகிறேன் என்று எழுதிக் கொடுத்து, ஒரு குடும்பப் பெயரையும் வைத்துக்கொண்டால், அன்றிலிருந்து அவருக்கும் அவர் சந்ததிக்கும் பிரெஞ்சு சிவில் சட்டம்தான். திரும்பி வர முடியாது. காலில் ஷூ போட்டுக்கொண்டு வாதாட வந்ததற்காக 1873இல் நீதிமன்றத்தில் தடுக்கப்பட்டு, பாரிஸ் வரை போய் வழக்காடி ஜெயித்த பொன்னுத்தம்பிப் பிள்ளை என்கிற வழக்கறிஞர்தான் இதில் முன்னால் நின்றவர். லபோர்த் என்று பெயர் வைத்துக்கொண்டார். 1954 நவம்பர் 1இல் ஆட்சி கைமாறி, 1962இல் ஒப்பந்தம் உறுதியாகி, அப்புறம் ஒவ்வொன்றாக இந்தியச் சட்டங்கள் இங்கே வந்தன. ஆனால் இந்து வாரிசுரிமைச் சட்டத்தைத் திறந்து பாருங்கள், புதுச்சேரி ரெனோன்சான்களுக்கு இது பொருந்தாது என்று ஒரு வரி இருக்கும். அந்த இடத்தில் பொருந்துவது எது, எந்த வருடத்து நிலையில் பொருந்தும் என்பதற்கு அங்கே விளக்கம் கிடையாது. பிரான்ஸ் 1975இல் தன் விவாகரத்துச் சட்டத்தையே மாற்றி எழுதியது. அந்த மாற்றம் இங்கே தானாக வந்து ஒட்டிக்கொள்ளாது, இங்கே உள்ளது பழசுதான்.

அந்த அம்மாவுக்கு விடை எங்கே கிடைத்தது என்றால், இந்திய சட்ட நிறுவனம் 1958லிருந்து நடத்தி வருகிற ஆய்விதழின் பழைய தொகுப்பில். நம் ஊர்க்காரர், சென்னை உயர் நீதிமன்ற நீதிபதியாக இருந்த தாவீது அன்னுசாமி, புதுச்சேரியில் எந்தச் சட்டம் யாருக்கு என்கிற இந்தச் சிக்கலைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார். அதைப் பிடித்துக்கொண்டு போனால் பழைய பிரெஞ்சு சிவில் சட்டத்தின் 913ஆம் பிரிவில் போய் நிற்கிறோம். மூன்று பிள்ளைகள் இருந்தால், அப்பா தன் இஷ்டத்துக்கு எழுதி வைக்கக்கூடியது சொத்தில் நாலில் ஒரு பங்குதான். மீதி முக்கால் பங்கு பிள்ளைகளுக்கு, ஆண் பெண் வித்தியாசமில்லாமல். அதாவது உயில் என்ன சொன்னாலும் இந்த அம்மாவுக்குக் கால் பங்கு உண்டு. அண்ணன்களை உட்கார வைத்து இதைச் சொன்னோம், வழக்கு போடாமலேயே பேசி முடிந்தது. அன்றைக்கு அந்தக் கட்டுரை என் கைக்கு வராமல் போயிருந்தால் அவரை வெறுங்கையோடு அனுப்பியிருப்பேன். இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்குப் பதறுகிறது.

இன்னொரு எழுத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். மதுரா வழக்கு கேள்விப்பட்டிருப்பீர்கள். 1972இல் மகாராஷ்டிராவில் ஓர் ஆதிவாசிச் சிறுமி காவல் நிலையத்துக்குள்ளேயே வன்கொடுமைக்கு ஆளானாள். உயர் நீதிமன்றம் தண்டித்த இரண்டு போலீஸ்காரர்களை 1978இல் உச்ச நீதிமன்றம் விடுதலை செய்தது. உடம்பில் காயமில்லை, எதிர்த்துப் போராடியதாகத் தெரியவில்லை என்று காரணம் சொன்னது. அடுத்த வருடம் செப்டம்பரில் உபேந்திர பக்ஷி, லோதிகா சர்க்கார், வசுதா தாகம்வார், ரகுநாத் கேல்கர் என்று நாலு சட்ட ஆசிரியர்கள் தலைமை நீதிபதிக்கு ஒரு திறந்த மடல் எழுதினார்கள், அது சட்ட இதழிலும் வந்தது. பயத்தில் அடங்கிப் போவதும் சம்மதிப்பதும் ஒன்றா என்பதுதான் அவர்கள் கேட்டது. தீர்ப்பு மாறவில்லை. ஆனால் பெண்கள் இயக்கங்கள் அதைக் கையில் எடுத்தன, 1983இல் சட்டம் மாறியது. காவலில் நடந்த வழக்கில் உறவு நடந்தது நிரூபணமாகி, நான் சம்மதிக்கவில்லை என்று அந்தப் பெண் சாட்சி சொன்னால், நீதிமன்றம் சம்மதம் இல்லை என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். 2024 ஜூலையில் அமலுக்கு வந்த புதிய சாட்சியச் சட்டத்திலும் அது அப்படியே இருக்கிறது.

சமீப காலத்து ஆய்வுகளில் எனக்கு ரொம்பப் பிடித்தது வழக்குகளை எண்ணிப் பார்க்கிற வேலை. உச்ச நீதிமன்றத்துக்கு எங்கிருந்து மேல்முறையீடு போகிறது என்று எண்ணியவர்கள் சொல்வது, டெல்லிக்குப் பக்கத்து உயர் நீதிமன்றங்களிலிருந்து அதிகம், நம்மைப் போலத் தொலைவில் இருக்கிறவர்களிடமிருந்து குறைவு. நமக்கு வழக்கு குறைவு என்று இதற்கு அர்த்தம் பண்ணிக்கொள்ளக் கூடாது. ரயில் டிக்கெட், டெல்லி வக்கீல் ஃபீஸ், அங்கே தங்குகிற செலவு, இதையெல்லாம் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுக் கடலூர்க்காரர் பாதியிலேயே நின்றுவிடுகிறார் என்பது நான் கண்ணால் பார்ப்பது. சட்ட ஆணையம் 2009இலேயே தன் 229ஆவது அறிக்கையில் தெற்கிலும் ஒரு மேல்முறையீட்டு அமர்வு வேண்டும் என்றது. இன்னும் வரவில்லை.

இதையெல்லாம் நாம் படிக்க முடிகிறதா? தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்கள் நடத்துகிற பல இதழ்கள் இணையத்தில் இலவசம். வெளிநாட்டு இதழ்களுக்காக மத்திய அரசு 2024 நவம்பரில் 6,000 கோடி ரூபாய் ஒதுக்கியது, ஆனால் அது அரசுக் கல்வி நிறுவனங்களுக்குத்தான். காலாப்பட்டில் படிக்கிற மாணவருக்கு வழி கிடைக்கும், முதுநகர் வக்கீலுக்குக் கிடைக்காது. அப்புறம் மொழி. தீர்ப்புகளையாவது உச்ச நீதிமன்றம் தமிழில் தருகிறது, கட்டுரைகளைத் தமிழில் யார் தருகிறார்கள்? அந்த முத்தியால்பேட்டை அம்மாவின் உரிமை அவருக்குத் தெரியாத இரண்டு மொழிகளில் இருந்தது. சட்டம் படிக்கிற பிள்ளைகள் இதைக் கேட்டுக்கொண்டிருந்தால், வருடத்துக்கு ஒரு கட்டுரையைத் தமிழில் எழுதுங்கள், நம் ஊர்ச் சட்டத்தைப் பற்றி எழுதுங்கள்.

பெரியவர்களிடமும் ஒன்று கேட்கிறேன். பரணில், டிரங்குப் பெட்டியில், தாத்தா காலத்துப் பிரெஞ்சுக் காகிதம் எதுவும் கிடந்தால், நமக்குப் புரியாததுதானே என்று பழைய பேப்பர்க்காரருக்குப் போட்டுவிடாதீர்கள். ஒரு நகல் எடுத்துக்கொண்டு, பிரெஞ்சு தெரிந்த ஒரு வக்கீலிடம் முதலில் காட்டுங்கள். வணக்கம்.