சும்மா படம் பாக்குறவன் சொல்றதுல தான் உயிர் இருக்கு

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, கேக்க வந்திருக்குற எல்லாருக்கும் வணக்கம். தலைப்ப மொதல்ல ஒரு தடவ சொல்லிடறேன். பழைய படம், வழக்கத்துக்கு மாறான படம், இதையெல்லாம் சரியா எடைபோடறது யாரு, சினிமாவ படிச்ச விமர்சகரா, சும்மா படம் பாக்குற ரசிகரா? நான் ரசிகர் பக்கம் பேசறேன், மனசார நம்பித்தான் பேசறேன்.

எதிரணித் தலைவர் ரெண்டு விஷயம் சொன்னாரு. ஒண்ணு, 'அந்த நாள்' மாதிரி படத்த மக்கள் கைவிட்டாங்க, விமர்சகர்கள் தான் தூக்கி நிறுத்துனாங்கன்னாரு. ரெண்டாவது, கேமரா எங்க வெச்சிருக்கான், என்ன லென்ஸ் போட்டிருக்கான்னு தெரியாதவன் ஒரு படத்த பத்தி என்ன சொல்லிட முடியும், புடிச்சுது புடிக்கல, அவ்ளோதானேன்னாரு. அந்த ரெண்டாவது தான் எனக்கு ரொம்ப உறுத்துச்சு, அதனால அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன்.

'12 ஆங்ரி மென்'னு ஒரு படம், 1957, சிட்னி லூமெட் எடுத்தது. அப்பாவ கொன்னுட்டான்னு ஒரு பையன் மேல கேஸ், 12 ஜூரிங்க, அதாவது தீர்ப்பு சொல்றதுக்குன்னு பொதுஜனத்துல இருந்து எடுத்த ஆளுங்க, ஒரு ரூம்ல உக்காந்து அவனுக்கு தண்டனையா விடுதலையான்னு பேசறாங்க, படம் கிட்டத்தட்ட முழுக்க அந்த ஒரே ரூம் தான். இத எந்த சினிமா படிப்பும் இல்லாத ஒருத்தர பாக்க வெச்சு, எப்படி இருந்துச்சுன்னு கேட்டு பாருங்க. "போகப்போக அந்த ரூமே சின்னதாயிட்டு வர்ற மாதிரி இருந்துச்சுப்பா, எனக்கே புழுங்குச்சு"ன்னு தான் பெரும்பாலும் சொல்லுவாங்க. லூமெட் திட்டம் போட்டு செஞ்சதே அது தான் நடுவர் அவர்களே. ஆரம்பத்துல கேமராவ கண்ணு மட்டத்துக்கு மேல வெச்சாரு, நடுவுல கண்ணு மட்டத்துக்கு கொண்டு வந்தாரு, கடைசி பகுதில கீழ இறக்கி மேல் கூரை தெரியற மாதிரி வெச்சாரு, அதோட லென்ஸையும் மாத்திக்கிட்டே போயி செவுரு ஆளுங்க முதுகுக்கு பின்னாடி நெருங்கி வந்து நிக்குற மாதிரி செஞ்சாரு. விமர்சகர் இத விளக்குவாரு, நல்ல விஷயம், நானும் படிச்சு தான் தெரிஞ்சுக்கிட்டேன். ஆனா லூமெட் யாருக்காக அவ்ளோ மெனக்கெட்டாரு? லென்ஸ் பேரு தெரியாம புழுங்கிக்கிட்டு உக்காந்திருக்கானே, அவனுக்காகத்தான். அவன் "புழுங்குச்சு"ன்னு சொன்னது வெறும் புடிச்சுது புடிக்கல இல்ல, அந்த படம் வேலை செஞ்சுதா இல்லையாங்குறதுக்கு நேரடி சாட்சி அது.

இன்னொரு பக்கத்தையும் நேர்மையா பேசணும். போரடிக்குதுன்னு சொல்றதும் ரசிகன் தான். 1975ல சாந்தால் ஆகர்மான் எடுத்த 'ஜான் டீல்மான்', 201 நிமிஷம், ஒரு அம்மா வீட்டு வேலை செய்யறத மூணு நாள் கணக்குல காட்டுற படம், 2022ல சைட் அண்ட் சவுண்ட் பத்திரிகை விமர்சகர்கள்கிட்ட ஓட்டு எடுத்து எல்லா காலத்துக்கும் சிறந்த படம்னு மொதல் எடம் கொடுத்தது இதுக்குத்தான். இந்த மொதல் எடம்ங்குற ஒரு வார்த்தைய மட்டும் நம்பி உக்கார்றவன் பாதில எழுந்து போயிடுவான், அவன் மேல தப்பு சொல்ல முடியாது, ஏன்னா என்ன எதிர்பாக்கணும்னு அவனுக்கு யாரும் சொல்லல. சும்மா பாத்தவர் என்ன சொல்லுவாரு தெரியுமா, "மொத ஒரு மணி நேரம் கஷ்டம், பல்ல கடிச்சுக்கிட்டு உக்காரு, ரெண்டாவது நாள் அந்தம்மா உருளக்கெழங்க அடுப்புல விட்டுடுது, அது கொழஞ்சு போயிடுது, பானைய கையில வெச்சுக்கிட்டு என்ன பண்றதுன்னு தெரியாம நிக்குது, அப்போ நமக்கு பக்குன்னு ஆவும் பாரு". கெழங்கு கொழஞ்சதுக்கு ஏன் பக்குன்னு ஆவுது? அதுவரைக்கும் அந்த வீட்ல ஒரு ஸ்பூன் கூட எடம் மாறல, அதனால. அந்த ஒரு மணி நேர சலிப்பு எதுக்குன்னு அங்க தான் புரியும், சலிச்சவனுக்கு தான் அது முழுசா புரியும். சலிப்ப மறைக்காம சொன்னதால தான் அடுத்தவன் அந்த படத்த கடைசி வரைக்கும் பாக்குறான்.

அடுத்து 'சைக்கோ', 1960. டைரக்டர் ஹிட்ச்காக் அந்த படத்துக்கு ரெண்டு காரியம் செஞ்சாரு. படம் ஆரம்பிச்ச அப்புறம் யாரையும் உள்ள விடக்கூடாதுன்னு தியேட்டர்களுக்கு சொல்லிட்டாரு, அப்புறம் விமர்சகர்களுக்குன்னு தனியா முன்கூட்டி காட்சி போடல, ஜனங்களோட ஜனங்களா வந்து பாருங்கன்னு விட்டுட்டாரு. நியூயார்க் டைம்ஸ்ல பாஸ்லி க்ரௌதர்னு பெரிய விமர்சகர், மொதல்ல அப்படி ஒண்ணும் பாராட்டி எழுதல, ஆனா ஜனம் க்யூ கட்டி நின்னுச்சு, அந்த வருஷம் முடியறதுக்குள்ள அதே க்ரௌதர் வருஷத்தோட சிறந்த பத்து படத்துல சைக்கோவையும் சேத்தாரு. மனச மாத்திக்கிட்டாரே, அது பெரிய மனசு, அத நான் மதிக்கிறேன். ஆனா மொதல்ல சரியா புரிஞ்சுக்கிட்டது யாருன்னு நடுவர் குறிச்சுக்கணும்.

'ஷோலே'க்கும் கிட்டத்தட்ட அதே கதை தான். 1975 ஆகஸ்ட்ல வந்தப்போ விமர்சனம் சரியில்ல, படம் போச்சுன்னே பேசிக்கிட்டாங்க. பாத்தவன் பாக்காதவன்கிட்ட சொல்லி சொல்லியே பம்பாய் மினர்வா தியேட்டர்ல அஞ்சு வருஷத்துக்கு மேல ஓடுச்சு. இதுக்கு மேல நான் ஒண்ணும் சொல்ல வேண்டியதில்ல.

ஆனா இது ரெண்டும் வந்தப்பவே ஜெயிச்ச படம், பழைய படத்துக்கு இது எப்படி சாட்சி ஆவும்னு எதிரணி கேப்பாங்க. நியாயமான கேள்வி. அதுக்கு தான் 'இட்ஸ் எ ஒண்டர்ஃபுல் லைஃப்'. ஃப்ராங்க் காப்ரா எடுத்தது, 1946, ஜேம்ஸ் ஸ்டூவர்ட் நடிச்சது, வந்தப்போ போட்ட காசு திரும்பல, கொஞ்ச காலத்துல மறந்தே போயிட்டாங்க. 1974ல அந்த படத்தோட காப்பிரைட்ட புதுப்பிக்காம விட்டுட்டாங்க, டிவி சேனல்காரங்களுக்கு சும்மா கெடைச்ச மாதிரி ஆயிடுச்சு, ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் திருப்பி திருப்பி போட்டாங்க. எந்த விமர்சகரும் சிபாரிசு பண்ணி அது நடக்கல. வீட்ல வேற வேலை பாத்துக்கிட்டே டிவிய போட்டவங்க, பாதில இருந்து பாத்தவங்க, அடுத்த வருஷம் மீதிய பாத்தவங்க, அவங்க தான் இந்த படத்த மண்ணுக்குள்ள இருந்து தோண்டி எடுத்தாங்க. இதுல என்னோட கருத்து ஒண்ணு இருக்கு, சொல்லிடறேன். இத ஏதோ குடும்பத்தோட சிரிச்சு பாக்குற இனிப்பான படம்னு எல்லாரும் சொல்றாங்க, எனக்கு அப்படி தோணல. ஊர விட்டு வெளிய போகணும்னு ஆசப்பட்டவன் ஒவ்வொரு தடவையும் யாருக்காகவோ நின்னுடறான், கடைசில பணப்பிரச்சனைல மாட்டி பாலத்து மேல சாகறதுக்கு நிக்குறான், அந்த ஸ்டூவர்ட் முகத்துல இருக்குற வெறுமை இருக்கே, அது எனக்கு தூக்கத்த கெடுத்துச்சு. அவ்ளோ இருட்டு இருக்குறதால தான் கடைசி அஞ்சு நிமிஷம் அவ்ளோ அழ வெக்குது. இது எந்த புத்தகத்துலயும் படிச்சு சொல்லல, பாத்து சொல்றேன்.

சரி, 'அந்த நாள்'. எதிரணி கையில இருக்குற ஒரே பலமான சீட்டு இது தான், அத தட்டிட்டு போக நான் விரும்பல. 1954, ஏவிஎம் தயாரிப்பு, எஸ். பாலச்சந்தர் இயக்கம், பாட்டே இல்லாத தமிழ்ப்படம், படம் ஆரம்பிச்ச உடனேயே சிவாஜி குண்டடி பட்டு செத்துடறாரு, யார் சுட்டதுன்னு ஒவ்வொருத்தரா சொல்ற கதை தான் மிச்சம். அன்னிக்கு தியேட்டருக்கு வந்த ஜனம் ஏமாந்து தான் போச்சு, உண்ம தான், ஒத்துக்கறேன். பாட்டுக்காகவே படம் பாத்த காலத்துல பாட்டில்லாத படம்னா அதிர்ச்சியா தான இருக்கும். ஆனா எழுபது வருஷம் கழிச்சு இன்னிக்கு ராத்திரி ஒருத்தன் போன்ல அந்த படத்த போட்டு, கொலகாரன் யாருன்னு தெரியாம தூங்க முடியாம முடிக்கிற வரைக்கும் பாக்குறானே, அவனுக்கு அது தேசிய விருதுல நற்சான்றிதழ் வாங்குன படம்னு தெரியுமா? தெரியாது. அந்த படத்தோட பேர காப்பாத்துனதுல விமர்சகருக்கு பங்கு இருக்கு, நான் மறுக்கல, படம் இன்னும் ஓடிக்கிட்டு இருக்குறது பாக்குறவனால.

மக்களுக்கு வித்தியாசமான படமே ஆவாதுங்குற மாதிரி எதிரணில இருந்து ஒரு வார்த்தையும் வந்துச்சு. அத அப்படியே விட முடியாது நடுவர் அவர்களே. 1979ல மகேந்திரனோட 'உதிரிப்பூக்கள்', சண்டை கிடையாது, பெரிய ஹீரோ கிடையாது, நாயகன்னு பாத்தா கட்டுன பொண்டாட்டிய கொடுமை பண்றவன், அந்த படத்த ஜனம் கொண்டாடுச்சு. கடைசில ஊரே சேந்து அவன ஆத்தங்கரைக்கு கூட்டிட்டு போவுதே, உங்க எல்லாரையும் என்னைய மாதிரியே கெட்டவங்களா மாத்திட்டேன்னு அவன் சொல்ற எடம், அந்த அமைதிய ஜனம் தாங்கிக்கிட்டு பாத்துச்சுல்ல.

அதவிட, 'பேசும் படம்'. சிங்கீதம் சீனிவாச ராவ், கமல், 1987. ரெண்டு மணி நேரம் ஒரு வசனம் கிடையாது. வேலையில்லாத ஒருத்தன் ஒரு பணக்காரர கடத்தி வெச்சுட்டு அவரோட பெரிய ஹோட்டல் ரூம்ல போயி தங்கறான். அங்க எனக்கு உயிர் போற அளவுக்கு புடிச்ச எடம் ஒண்ணு இருக்கு. அந்த சொகுசு மெத்தைல அவனுக்கு தூக்கம் வரல, ஏன்னா சத்தமே இல்ல, இவன் குடியிருந்தது தியேட்டர் பக்கத்துல, சண்டை சத்தம் கேட்டே தூங்கி பழகினவன், அதனால போயி அந்த சத்தத்த டேப்ல புடிச்சுட்டு வந்து ஹோட்டல்ல போட்டுக்கிட்டு நிம்மதியா தூங்கறான். ஏழ்மைய பத்தி பக்கம் பக்கமா வசனம் எழுதியிருந்தாலும் இவ்ளோ சொல்லியிருக்க முடியாது. இது யாராவது விளக்கினதுக்கு அப்புறம் புரிஞ்சுதா? சின்ன கொழந்தைக்கு சிரிப்பா புரியும், பெரியவங்களுக்கு தொண்டைய அடைக்கிற மாதிரி புரியும். தேசிய விருதும் வந்துச்சு அந்த படத்துக்கு, நல்ல பொழுதுபோக்கு படம்ங்குற பிரிவுல, ஜனம் ரசிக்கிற படத்துக்குன்னே இருக்குற விருது அது.

'அன்பே சிவம்' இருக்கு, 2003ல தியேட்டர்ல தோத்துச்சு, டிவில போட போட ஒவ்வொரு வீடா போயி ஜெயிச்சுது. தோக்கடிச்சதும் ரசிகன் தானேன்னு எதிரணி கேக்கலாம், ஆமா, அவன் தான், ஆனா அவன் திரும்பி வந்தான் பாருங்க. விமர்சகர் ஒரு தடவ பாத்து எழுதிட்டு அடுத்த வாரம் அடுத்த படத்துக்கு போயாகணும், அவரு வேலை அப்படி. ரசிகனுக்கு அந்த அவசரம் இல்ல. இருவது வயசுல போர்னு சொன்ன படத்த நாப்பது வயசுல பாத்துட்டு ராத்திரி முழுக்க பேசுவான்.

இன்னொண்ணும் சொல்லணும். ரசிகனுக்கு படங்களுக்கு நடுவுல வேலி கிடையாது. 1948 'சந்திரலேகா'வுல அந்த ராட்சச முரசுக்குள்ள இருந்து வீரர்கள் குதிச்சு வர்றத சொல்லுவான், அதே மூச்சுல 1928 ஊமைப்படம் ஒண்ணுல சிரிப்பு நடிகர் பஸ்டர் கீட்டன் மேல வீட்டோட முன்செவுரு முழுசா விழுந்து, ஜன்னல் ஓட்டை வழியா அவரு மட்டும் அப்படியே நிக்குறத சொல்லுவான், அது ட்ரிக் ஷாட் இல்ல நெஜ செவுருன்னு யாரோ சொன்னத கேட்டு மறுபடி போட்டு பாப்பான். அவனுக்கு ரெண்டும் ஒரே வியப்பு. எது கலை, எது வியாபாரம்னு பிரிச்சு அடுக்குனதுக்கு அப்புறம் இந்த வியப்பு எங்கயோ போயிடுது, அது தான் எனக்கு வருத்தம்.

நேரம் முடிஞ்சதா மணி அடிச்சுட்டாங்க. நடுவர்கிட்ட ஒரே ஒரு வேண்டுகோள். தீர்ப்பு சொல்றதுக்கு முன்னாடி எதிரணித் தலைவர்கிட்ட, அவரு உயிரா நெனைக்கிற ஒரு பழைய படத்த வீட்ல இருக்குறவங்களுக்கு பாக்க சொன்னப்போ என்ன வார்த்த சொல்லி பாக்க சொன்னாருன்னு கேளுங்க. அவரு அங்க லென்ஸ பத்தி சொன்னாரா, "ஒரு எடம் வரும் பாரு, அந்த எடத்துக்காகவே பாரு"ன்னு சொன்னாரா? அவரு பதில கேட்டுட்டு தீர்ப்பு சொல்லுங்க. நன்றி, வணக்கம்.