சந்தேகங்களுக்கு விளக்கம்: மேனேஜர் "பேம்பூஸில்"னு சொன்னாரு, திட்டா கிண்டலா?

எல்லாருக்கும் வணக்கம், கேக்குதா, சத்தம் கொஞ்சம் கம்மியா வருதுன்னு போன தடவை சொன்னீங்க அதான் இன்னைக்கு மைக்கை சட்டையிலேயே குத்திக்கிட்டேன். இன்னைக்கு எடுத்துக்கிட்ட சந்தேகம் கடலூர்லேருந்து ஒரு தம்பி வாட்ஸ்அப்ல வாய்ஸ் நோட்டா அனுப்பினது. அதை அப்படியே போட வேணாம்னு கேட்டுக்கிட்டாரு, அதனால நானே சொல்லிடுறேன். தம்பி ஒரு கம்பெனியில புரொடக்‌ஷன்ல இருக்காரு, மாசாமாசம் ரிவ்யூ மீட்டிங் நடக்கும் போல, அதுல இவரு பதினாலு ஸ்லைடு போட்டு நம்பர் நம்பரா காட்டியிருக்காரு, ஆறாவது ஸ்லைடுலயே மேனேஜர் கையைத் தூக்கி "டோன்ட் பேம்பூஸில் மீ வித் நம்பர்ஸ்"னு சொல்லியிருக்காரு, ரூம்ல எல்லாரும் சிரிச்சிட்டாங்க, இவரு மட்டும் சிரிக்கல. வீட்டுக்குப் போயி டிக்‌ஷனரி பார்த்தா முதல் அர்த்தமே ஏமாத்துறதுன்னு இருக்குது. "அக்கா, அவரு என்னை ஃபிராடுன்னு சொன்னாரா? நான் அப்படி இல்லைன்னு மெயில் போடலாமா?" இதுதான் கேள்வி.

மெயில் போடாதீங்க தம்பி. அதை முதல்ல சொல்லிடுறேன், ஏன்னா வீடியோ முடியுறதுக்குள்ள நீங்க அனுப்பிடுவீங்க போல இருக்குது உங்க குரலைக் கேட்டா.

இப்ப வார்த்தைக்கு வருவோம். பி, ஏ, எம், பி, டபுள் ஓ, இஸட், எல், இ. பாக்குறதுக்கு பேம்பூ, மூங்கில் உள்ள இருக்குற மாதிரி தெரியும், மூங்கிலுக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. நம்ம ஆளுங்க பொதுவா முதல் எழுத்துல அழுத்தி "பேம்"னு அடிச்சிடுவாங்க, அது இல்ல, நடுவுல இருக்குற "பூ"வுலதான் அழுத்தம். பேம்-பூ-ஸில். எப்படி ஞாபகம் வச்சிக்கிறதுன்னா, காதுல பூ சுத்துறதுன்னு சொல்றோம்ல, அந்த பூ. சத்தியமா இதுக்கு மேல நல்ல வழி எனக்குத் தெரியல, ஏன்னா சத்தத்துக்கு மட்டும் இல்ல, அர்த்தத்துக்கும் அதேதான். காதுல பூ சுத்துறதுதான் பேம்பூஸில்.

யோசிச்சுப் பாருங்க, "எனக்கே காதுல பூ சுத்துறியாடா"ன்னு நம்ம ஃபிரெண்டுகிட்ட சொல்றோம், வீட்டுல புள்ளைங்க ஹோம்வொர்க் முடிச்சிட்டேன்னு வந்து நிக்குறப்ப சொல்றோம், அதுல கோவம் இருக்குதா, இல்ல, "நீ என்னமோ பண்ற, எனக்கு அது தெரியுது"ன்ற ஒரு சிரிப்புதான் இருக்குது. அதே வார்த்தையை ஒரு ஏஜென்ட்கிட்ட முகத்தை இறுக்கி வச்சிக்கிட்டு "ஏன்யா காதுல பூ சுத்துற"ன்னு கேட்டா சண்டை. வார்த்தை ஒண்ணுதான், யாரு யாருகிட்ட எந்த மூஞ்சியோட சொல்றாங்கன்றதுலதான் எல்லாம் இருக்குது. உங்க மேனேஜர் சொன்னதை தமிழ்ல போட்டா "யப்பா, நம்பரா போட்டு என் காதுல பூ சுத்தாத"ன்னுதான் வரும். ரூமே சிரிச்சிருக்குதுன்னா அது கிண்டல்தான், அதுக்குள்ள ஒரு சின்ன குட்டும் இருக்குது, "எனக்குப் புரியல, சுருக்கிச் சொல்லு"ன்னு. அவ்வளவுதான். ஃபிராடுன்னு நினைச்சிருந்தா பத்து பேரு முன்னாடி சிரிச்சிக்கிட்டே இப்படி ஒரு வார்த்தையில சொல்ல மாட்டாரு, தனியா கூப்பிட்டு கதவைச் சாத்தியிருப்பாரு.

ஆனா டிக்‌ஷனரி தப்பா சொல்லலையே அக்கான்னு நீங்க கேப்பீங்க. கரெக்ட்தான், தப்பு இல்ல. இந்த வார்த்தைக்கு ரெண்டு பக்கம் இருக்குது. ஒரு பக்கம் அல்வா குடுக்குறது, ஒரு பக்கம் தண்ணி காட்டுறது. பக்கத்துல வர்ற சின்ன வார்த்தையை வச்சுதான் எந்தப் பக்கம்னு கண்டுபிடிக்கணும். "இன்ட்டு", "அவுட் ஆஃப்" இது ரெண்டும் கூட வந்துச்சுன்னா உஷாராயிடுங்க, அது அல்வா. "ஹி பேம்பூஸில்டு மீ இன்ட்டு சைனிங்", குழப்பி கையெழுத்து வாங்கிட்டான். "தே பேம்பூஸில்டு ஹெர் அவுட் ஆஃப் ஹெர் சேவிங்ஸ்", பேசிப் பேசியே சேத்து வச்சிருந்த காசை உருவிட்டாங்க. அதுவே "வித்"னு வந்தா, எதை வச்சுக் குழப்புனாங்கன்னு சொல்லுது, உங்க மேனேஜர் சொன்ன மாதிரி, வித் நம்பர்ஸ். அப்புறம் "பை" போட்டு "ஐ வாஸ் பேம்பூஸில்டு பை தி ஃபார்ம்"னு சொன்னா, அந்த ஃபாரத்தைப் பார்த்து மண்டை காஞ்சிடுச்சுன்னு அர்த்தம், ஃபாரம் என்ன ஏமாத்தப் போவுது பாவம்.

தண்ணி காட்டுறது பக்கத்துக்கு கிரிக்கெட் கமென்ட்ரியை விட நல்ல உதாரணம் கிடையாது, இந்த வார்த்தையை நம்ம ஊர் ஆளுங்க முதல்ல கேட்டதே அங்கதான் இருக்கும். ஸ்பின் பௌலர் போட்டு பேட்ஸ்மேன் எதுவும் புரியாம நின்னா "பேம்பூஸில்டு!"ன்னு கத்துவாங்க. 1993 ஜூன்ல ஓல்ட் டிராஃபோர்டுல ஆஸ்திரேலியா ஸ்பின்னர் ஷேன் வார்ன் ஆஷஸ்ல, அதான் இங்கிலாந்து கூட ஆடுற டெஸ்ட் தொடர்ல, போட்ட முதல் பால், லெக் ஸ்டம்புக்கு வெளிய குத்தி ஆஃப் ஸ்டம்புல போயி அடிச்சுதே, இங்கிலாந்து பேட்ஸ்மேன் மைக் கேட்டிங் பேந்தப் பேந்த முழிச்சிக்கிட்டு அப்படியே நிக்குறாரு பாருங்க, அந்த மூஞ்சிதான் இந்த வார்த்தைக்குப் படம். அங்க யாரும் யாரையும் ஏமாத்தல, ரூல்ஸ் எதுவும் மீறல. நம்ம தெருவுல சொடக்கு பால்னு போடுவோமே, அஸ்வின் போட்ட கேரம் பால், அதுவும் அப்படித்தான். பேட்ஸ்மேனுக்கு தண்ணி காட்டுறது. அது திட்டு இல்ல, பாராட்டு.

இப்ப நீங்க கடலூர்ன்றதால ஒண்ணு சொல்லாம இருக்க முடியல. தேவனாம்பட்டினத்துல சில்வர் பீச் போறப்ப செயின்ட் டேவிட் கோட்டைன்னு ஒண்ணு இருந்த இடத்தைத் தாண்டித்தான் போவீங்க. 1690ல இங்கிலீஷ் கம்பெனிக்காரங்க, அதான் கிழக்கிந்தியக் கம்பெனி, அந்தக் கோட்டையை மராத்தியர்கிட்டேருந்து விலைக்கு வாங்குறாங்க, அப்ப செஞ்சியில மராத்திய ராஜா ராஜாராம் இருந்தாரு. ஒப்பந்தம் என்னன்னா கோட்டை மட்டும் இல்ல, கோட்டையிலேருந்து பீரங்கி சுட்டா குண்டு எவ்வளவு தூரம் போவுதோ அதுவரைக்கும் இருக்குற ஊரும் சேத்து. சரின்னு கையெழுத்தாயிடுச்சு. கம்பெனிக்காரன் என்ன பண்ணான், பெரிய பீரங்கியா வச்சு ஒவ்வொரு திசையிலயும் சுட்டான், குண்டு விழுந்த இடமெல்லாம் எல்லை, கடலூர் டவுனே உள்ள வந்துடுச்சு. அந்த ஊருங்களைத்தான் குண்டு கிராமம்னு சொல்றது, குண்டு உப்பலவாடின்னு இன்னைக்கும் பஸ்ஸுல போர்டு பாக்குறோம்ல, அந்தப் பேருக்கும் இதைத்தான் காரணமா சொல்லுவாங்க.

இது சீட்டிங்கா? பொய் சொன்னானா? இல்லையே. ஒப்பந்தத்துல என்ன இருந்துச்சோ அதைத்தான் செஞ்சான். ஆனா எதிர்ல இருந்தவங்க இவ்வளவு போவும்னு நினைச்சிருக்க மாட்டாங்கன்னுதான் எனக்குத் தோணுது. இந்த இடத்துல "சீட்"னு போட்டா பொருந்தாது, "கன்ஃப்யூஸ்"னு போட்டா ரொம்ப சாதுவா இருக்கும், பேம்பூஸில்தான் போடணும், சீட் பண்றதுக்கு ஒரு பொய்யாவது வேணும், பேம்பூஸிலுக்கு அது கூட வேணாம், எதிராளிக்குத் தலை சுத்துனா போதும். தமாஷ் என்னன்னா அந்த குண்டு விழுந்த கொஞ்ச வருஷத்துல, 1700க்கு அப்புறம், இந்த வார்த்தை லண்டன்ல எழுத்துல வருது. ரெண்டுக்கும் தொடர்பு எதுவும் இல்ல, நானா முடிச்சு போட்டுக்கிட்டு சிரிக்குறேன், நீங்க போயி வாட்ஸ்அப் குரூப்ல "பேம்பூஸில் கடலூர்ல பொறந்த வார்த்தை"ன்னு ஃபார்வேர்டு பண்ணிடாதீங்க, இங்க எல்லாம் அப்படித்தான் ஆரம்பிக்குது.

வார்த்தை எங்கேருந்து வந்துச்சுன்னு ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க, எதுவும் நிரூபணம் ஆகல. தெருப்பேச்சுலேருந்து வந்துச்சு, அது மட்டும் நிச்சயம். 1710லயே ஜோனதன் ஸ்விஃப்ட், கல்லிவரை எழுதுனவரு, இந்த மாதிரி புது வார்த்தைங்க வந்து மொழியைக் கெடுக்குதுன்னு ஒரு பத்திரிகையில பொலம்பி எழுதியிருக்காரு, அந்த லிஸ்ட்ல பேம்பூஸில் இருக்குது, பேன்ட்டர், அதாவது கிண்டல் பேச்சு, அது இருக்குது, மாப் இருக்குது. மாப்னா கும்பல், இன்னைக்கு எந்த இங்கிலீஷ் பேப்பரைத் திறந்தாலும் இருக்குற வார்த்தை! 1755ல சாமுவேல் ஜான்சன் டிக்‌ஷனரி போடுறப்ப இதைச் சேத்துக்கிட்டாரு, ஆனா பக்கத்துலயே இது மட்டமான வார்த்தை, சுத்தமான எழுத்துலயோ கனமான எழுத்துலயோ வராதுன்னு குறிப்பு போட்டுட்டாரு. மட்டம்னு இப்ப யாரும் சொல்றதில்ல. ஆனா அந்த ரெண்டாவது பாதி, சீரியஸான எழுத்துல வராதுன்றது, அது இன்னைக்கும் அப்படியே நிக்குது.

அது எனக்கு எப்படித் தெரியும்னா பட்டுத்தான் தெரியும். ரொம்ப வருஷத்துக்கு முன்னாடி, நான் அப்பத்தான் இங்கிலீஷ் எம்.ஏ. முடிச்சிருந்த நேரம், தலைக்கனம் வேற, எங்கப்பா ஒரு இடத்துல தவணைத் திட்டத்துல பணம் கட்டி மாட்டிக்கிட்டாரு, எந்த இடம்னு வேணாம் விடுங்க. புகார் நான் எழுதித் தரேன்னு உக்காந்து நாலு பக்கம் எழுதுனேன், அதுல "யுவர் ஸ்டாஃப் பேம்பூஸில்டு மை ஃபாதர்"னு ஒரு வரி, எழுதிட்டு எனக்கே பெருமை. அங்க இருந்த அதிகாரி அதைப் படிச்சிட்டு அந்த வரியில நிறுத்தி சிரிச்சாரு. பக்கத்துல இருந்தவருகிட்டயும் காட்டுனாரு, அவரும் சிரிச்சாரு. எங்கப்பாவுக்கு ஒண்ணும் புரியல, அவரும் மரியாதைக்கு சிரிச்சாரு. எனக்கு அழுகை வந்துடுச்சு. தமிழ்ல மனு எழுதுறோம்னு வச்சிக்குங்க, "ஐயா, தங்கள் ஊழியர் எனது தந்தையின் காதில் பூ சுற்றிவிட்டார்"னு எழுதுவோமா? அதைத்தான் நான் எழுதி வச்சிருந்தேன். புகார்னா "மிஸ்லெட்" போடுங்க, காசு போயிருந்தா "சீட்டட்" போடுங்க, நேரா இருக்கணும்.

இன்னொண்ணு, எல்லாக் குழப்பத்துக்கும் இந்த வார்த்தையைத் தூக்கிட்டு வரக்கூடாது. நீங்க கடலூர்லேருந்து பாண்டிக்கு பஸ்ஸுல வர்றீங்க, முள்ளோடை தாண்டுனா புதுச்சேரி, கன்னியக்கோயில், கிருமாம்பாக்கம் புதுச்சேரி, ரெட்டிச்சாவடி வந்தா திரும்ப தமிழ்நாடு, தவளக்குப்பம் திரும்ப புதுச்சேரி. ஒரு மணி நேரத்துக்குள்ள எத்தனை தடவை மாநிலம் மாறுறோம்னு வெளியூர்க்காரங்களுக்குச் சொன்னா நம்ப மாட்டாங்க, பிராந்திக் கடை போர்டை வச்சுதான் எந்த ஊருன்னு கண்டுபிடிக்குறாங்க. இது கன்ஃப்யூஸிங், யாரும் வேணும்னு நம்மளைக் குழப்பல. பேம்பூஸில்னா பொதுவா பின்னாடி ஒரு கை இருக்கணும், பூவைச் சுத்துற கை. தலையே கிறுகிறுன்னு ஆயிடுச்சு, இருக்குற இடமே புரியலன்னா அதுக்கு டிஸ்கம்பாபியுலேட்னு இன்னொரு வார்த்தை இருக்குது, லத்தீன் மாதிரி தெரியும் ஆனா அமெரிக்காக்காரங்க 1800கள்ல விளையாட்டுக்கு உருவாக்குன டூப்ளிகேட் லத்தீன், அது தனி வீடியோ போடுற அளவுக்கு இருக்குது, இப்ப வேணாம். ஃபிளமாக்ஸ்னு ஒண்ணு, கேள்வி கேட்டாங்க பதில் வரல, திருதிருன்னு முழிச்சேன்னா அது. 

ஒரு நிமிஷம், கீழ தண்ணி லாரி வந்துடுச்சு, ஹாரன் அடிக்குறாரு... சரி எங்க வீட்டுல எடுத்துக்குவாங்க.

எங்க விட்டேன், ஆங், உங்க மேனேஜர். திரும்ப அவரு இதைச் சொன்னா என்ன பதில் சொல்றதுன்னு கடைசியா கேட்டிருந்தீங்க. "ஐ ஆம் நாட் பேம்பூஸிலிங் யூ சார்"னு சொல்லாதீங்க, ஏன்னா பெரியவங்க நம்மகிட்ட கிண்டலா சொன்னதை நாம அதே வார்த்தையில திருப்பிக் குடுத்தா அது மல்லுக்கு நிக்குற மாதிரி ஆயிடும், "நான் ஒண்ணும் உங்க காதுல பூ சுத்தல சார்"னு சொல்றதை யோசிச்சுப் பாருங்க. லேசா சிரிச்சிட்டு "சாரி சார், லெட் மீ கிவ் யூ ஜஸ்ட் த்ரீ நம்பர்ஸ்"னு சொல்லுங்க. அதாவது மூணு நம்பர் மட்டும் சொல்றேன்னு. சொல்லிட்டு நிஜமாவே மூணுதான் சொல்லணும் தம்பி, பதினாலு ஸ்லைடு எனக்கே கேட்டதும் கொட்டாவி வந்துச்சு, தப்பா எடுத்துக்காதீங்க.

ஃபிரெண்ட்ஸ்கிட்ட, கூட வேலை பாக்குறவங்ககிட்ட தாராளமா யூஸ் பண்ணுங்க. கேன்டீன்ல யாராவது பெரிய கதை விட்டா "ஆர் யூ ட்ரையிங் டு பேம்பூஸில் மீ?"ன்னு கேளுங்க, ஆனா மூஞ்சியில சிரிப்பு இருக்கணும், மறந்துடாதீங்க. இப்ப எல்லாரும் ஒரு தடவை வாய் விட்டு சொல்லிப் பாருங்க. பேம்-பூ-ஸில். பூவுல அழுத்துங்க. இன்னொரு தடவை.

சரி, அடுத்த சந்தேகம் நெய்வேலியிலேருந்து ஒருத்தவங்க அனுப்பியிருக்காங்க.