பழைய ஜெட் வாங்குமுன் காசிமேட்டுக்கு ஒரு நடை

[காட்சி: காசிமேடு மீன்பிடித் துறைமுகம், காலை. கரையேற்றிய விசைப்படகுகள். யாரோ ஒருவர் படகின் அடிப்பக்கத்தைச் சுத்தியலால் தட்டுகிறார்.]

வணக்கம். தலைப்பில் ஜெட் விமானம் என்று போட்டுவிட்டு மீன்பிடித் துறைமுகத்தைக் காட்டுகிறானே என்று நினைக்காதீர்கள். காரணம் இருக்கிறது.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் மீன்பிடித் தடைக்காலம். எங்கள் வீட்டில் படகு வாங்குவதும் விற்பதும் இந்த நாட்களில்தான் நடக்கும். என் சித்தப்பா படகு பார்க்கக் கிளம்பினால் கையில் சிறிய சுத்தியல் ஒன்று இருக்கும். பெயின்டைத் திரும்பியும் பார்க்க மாட்டார். நேராக அடிப்பக்கம் போய்த் தட்டிச் சத்தத்தைக் கேட்பார். பிறகு எஞ்சின் மேல் உள்ளங்கையை வைப்பார். சூடாக இருந்தால் விற்கிறவரிடம் ஒரே கேள்விதான்: "நான் வருவதற்கு முன்னாலேயே எதற்கப்பா ஓட்டிவைத்தாய்?"

நான் விமானப் பராமரிப்பு வேலைக்குப் போனவன். கைமாறிய பிசினஸ் ஜெட் வாங்குவது பற்றி யார் கேட்டாலும் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அந்தச் சுத்தியல்தான்.

[காட்சி: சென்னையை நடுவில் வைத்த வரைபடம். கோடுகள் விரிகின்றன.]

இன்று பேசப்போவது நடுத்தர ஜெட் பற்றி. அது என்ன? ஏழு முதல் ஒன்பது பேர் உட்காரலாம். இரண்டு விமானிகள் வேண்டும். ஏறக்குறைய 4,000 கிலோமீட்டரோ அதற்குக் கொஞ்சம் கூடவோ நிற்காமல் பறக்கும். சென்னையிலிருந்து துபாயும் சிங்கப்பூரும் தலா 2,900 கிலோமீட்டர் அளவில் இருப்பதால் இரண்டும் கைக்குள் அடங்கும். லண்டன் 8,000 கிலோமீட்டருக்கு மேல்; நடுவில் இறங்கி எண்ணெய் போட்டுத்தான் போக வேண்டும். ஆண்டுக்கு ஒரு முறை லண்டன் போவதற்காகப் பெரிய விமானம் வாங்குகிறவர்கள் உண்டு. வருடத்தில் ஒரு நாள் திருப்பதி போவதற்காகச் சொந்தமாகப் பஸ் வாங்குவதைப் போன்றது அது.

ஆனால் எவ்வளவு தூரம் பறக்கும் என்று எல்லோரும் கேட்கிறார்கள். எவ்வளவு நீள ஓடுபாதை வேண்டும் என்று யாரும் கேட்பதில்லை. மாதவரத்தில் சரக்குக் கிடங்கு வைத்திருக்கும் ஒருவருக்குச் சேலத்தில் ஆலை இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். சேலம் ஓடுபாதையின் நீளம் சுமார் 1,800 மீட்டர். லியர்ஜெட் 60 என்ற நடுத்தர ஜெட் முழு எடையோடு எழும்ப, கடல்மட்டத்தில் 15 டிகிரி வெப்பத்தில், ஏறக்குறைய 1,660 மீட்டர் கேட்கும். சேலமோ கடல்மட்டத்துக்கு 300 மீட்டர் மேலே இருக்கிறது. மே மாத வெயிலில் காற்று மெலிந்துவிடும், எஞ்சினும் இறக்கையும் தருகிற பலம் குறையும், 1,660 என்ற கணக்கு அங்கே செல்லாது. எரிபொருளைக் குறைக்க வேண்டும், அல்லது ஆளை இறக்க வேண்டும். செஸ்னா சைட்டேஷன் எக்ஸ்எல்எஸ் என்ற இன்னொரு ஜெட் அதே கடல்மட்டக் கணக்கில் 1,100 மீட்டருக்குள் எழும்பிவிடும். வேகத்தில் லியர்ஜெட்டுக்குப் பின்னால்தான். ஆனால் சேலத்துக்குப் போகிறவருக்கு வேகமா முக்கியம்?

பெட்டிகளையும் மறக்காதீர்கள். ஹாக்கர் 800எக்ஸ்பி விமானத்தில் பெட்டி வைக்கும் இடம் கேபினுக்குள்ளேயே இருக்கிறது. பறக்கும்போது எழுந்து போய் எடுக்கலாம், ஆனால் இடம் குறைவு. எக்ஸ்எல்எஸ்ஸில் வால் பக்கம் வெளியிலிருந்து திறக்கிற பெரிய அறை உண்டு. சௌகார்பேட்டைக் கல்யாணக் கூட்டத்தின் பெட்டிகளை ஒரு முறை பார்த்தவருக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

[காட்சி: ஹாக்கர், லியர்ஜெட், சைட்டேஷன் வரிசையாக.]

எந்த மாடல் வாங்கலாம்? இதில் எனக்குப் பிடிவாதமான கருத்து ஒன்று உண்டு: விமானத்தைப் பார்ப்பதற்கு முன் அதற்கு உதிரிபாகம் யார் தருகிறார்கள் என்று பாருங்கள். ஹாக்கர் 4000 என்று ஒரு விமானம் வந்தது. உடல் முழுக்க கார்பன் இழைக் கலவை, அகலமான கேபின், நம் வகைக்கு ஒரு படி மேலே. 2012ஆம் ஆண்டு மே மாதம் ஹாக்கர் பீச்கிராஃப்ட் நிறுவனம் திவால் பாதுகாப்புக் கேட்டு நீதிமன்றம் போனது. ஜெட் தயாரிப்பு நின்றது. ஏற்கெனவே வாங்கியவர்களின் உத்தரவாதமும் அந்தக் கணக்கில் அடிபட்டுப்போனது, விலை சரிந்தது. நல்ல விமானம்தான், பெற்றவர் கைவிட்ட பிள்ளை. லியர்ஜெட்டின் தயாரிப்பும் 2022இல் நின்றுவிட்டது, ஆனால் அதைத் தயாரித்த பம்பார்டியர் நிறுவனம் இன்னும் பராமரிப்புக்குத் துணை நிற்கிறது. பழைய ஹாக்கர் 800 வரிசையை டெக்ஸ்ட்ரான் நிறுவனம் பார்த்துக்கொள்கிறது. அது ஏராளமாகப் பறக்கும் குடும்பம். அதன் மூதாதையான டிஎச் 125 முதலில் பறந்தது 1962இல்.

[காட்சி: எஞ்சின் மூடி திறந்த நிலையில்.]

இப்போது சித்தப்பாவின் உள்ளங்கைக்கு வருவோம்.

பழைய ஜெட்டின் விலையைச் சொல்வது அதன் வயது அல்ல, எஞ்சின். ஹாக்கர் 800எக்ஸ்பியில் இருப்பது ஹனிவெல் டிஎஃப்இ731. இத்தனை மணி நேரம் ஓடியதும் ஒரு பெரிய பரிசோதனை, இன்னும் அத்தனை மணி ஓடியதும் உள்ளே மையப் பகுதியை முழுக்கப் பிரிக்கும் பரிசோதனை என்று அதற்குக் கணக்கு உண்டு. இரண்டாவது வகை வேலை இரண்டு எஞ்சினுக்கும் சேர்ந்து வந்தால் பில் பத்து லட்சம் டாலரைத் தொடுவது புதிதல்ல. பழைய விமானத்துக்கு அது வாங்கிய விலையோடு போட்டிபோடும். அதனால்தான் விளம்பரத்தில் விலை மலிவாக இருந்தால் நான் சந்தோஷப்படுவதில்லை. அடுத்த பரிசோதனைக்கு எத்தனை மணி நேரம் மீதி என்று கேட்பேன். ஐம்பது மணி நேரம் என்று பதில் வந்தால், மலிவின் காரணம் தெரிந்துவிட்டது.

இதற்குச் சீட்டுக் கட்டுவது போன்ற ஏற்பாடு ஒன்று இருக்கிறது. பறக்கும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் இவ்வளவு என்று எஞ்சின் நிறுவனத்திடம் கட்டிக்கொண்டே வர வேண்டும்; பரிசோதனை வரும்போது செலவு அவர்களுடையது. ஹனிவெல்லில் எம்எஸ்பி, பிராட் அண்ட் விட்னி கனடாவில் ஈஎஸ்பி, எல்லா எஞ்சினுக்கும் பொதுவாக ஜேஎஸ்எஸ்ஐ. கேட்க வேண்டியது மூன்று: தவணை பாக்கி இல்லாமல் கட்டப்பட்டிருக்கிறதா, புதிய உரிமையாளர் பெயருக்கு மாறுமா, விமானம் பறக்காமல் நின்றாலும் வருடத்துக்குக் குறைந்தபட்சம் இவ்வளவு மணிக்குக் கட்ட வேண்டுமா. இத்திட்டத்தில் சேராத விமானத்தை வாங்கிவிட்டுப் பிறகு சேர்க்கப் போனால், அதுவரை ஓடிய மணி நேரத்துக்கும் சேர்த்துக் கேட்பார்கள்.

[காட்சி: மேசை நிறையப் பழைய பதிவேடுகள்.]

அடுத்தது காகிதம். இங்கேதான் அதிகம் பேர் கொட்டாவி விடுகிறார்கள், இங்கேதான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள். எஞ்சினுக்குள் சுழலும் டிஸ்க்குகளுக்கு ஆயுள் எண்ணப்பட்டிருக்கிறது. இத்தனை முறை பறந்ததும் கழற்றித் தூக்கி எறிய வேண்டும், பார்க்கப் புதிதாக இருந்தாலும் சரி. அந்த எண்ணிக்கை உலோகத்தின் மேல் எழுதியிருக்காது, பதிவேட்டில்தான் இருக்கும். பிறந்த நாளிலிருந்து இன்றுவரை தொடர்ச்சியாக இருக்க வேண்டும். நடுவில் ஒரு பதிவேடு தொலைந்தால் அந்த உதிரிபாகத்துக்குப் பிறப்புச் சான்றிதழ் தொலைந்ததாகப் பொருள். ஒரு விமானத்தின் பதிவேட்டில் நான்கு ஆண்டுகள் காணாமல் போனதை நானே பார்த்தேன். விற்கிறவர், "அலுவலகம் மாற்றும்போது எங்கோ போய்விட்டது" என்றார். வாங்க வந்தவர் அந்தப் பேச்சை அங்கேயே முடித்துக்கொண்டு சாப்பிடப் போனார். சரியான முடிவு.

[காட்சி: துருவேறிய நங்கூரச் சங்கிலி. பிறகு விமானக் கழிவறைத் தரையைத் தூக்கும் கைகள்.]

உப்புக்காற்று என்ன செய்யும் என்று எண்ணூரிலோ திருவொற்றியூரிலோ வீடு வைத்திருப்பவருக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. அலுமினியம் துருப்பிடிப்பது சிவப்பாகத் தெரியாது. வெள்ளைப் பொடியாக, பெயின்டுக்குக் கீழே கொப்புளமாக வரும். முதலில் பார்க்க வேண்டிய இடங்கள் அழகானவை அல்ல: கழிவறைக்குக் கீழே, காபி போடும் இடத்துக்குக் கீழே, சக்கரக் குழிக்குள். உட்புற அலங்காரத்தைப் புதிதாக்கியவர்கள் அதன் அடியில் என்ன கண்டார்கள் என்பதையும் கேளுங்கள்.

இதற்காகத்தான் வாங்குமுன் பரிசோதனை. அதை விற்கிறவரின் விமானத்தை வழக்கமாகப் பார்க்கிற பட்டறையில் வைக்காதீர்கள். தன் வேலையில் தானே குறை சொல்ல யாருக்கும் மனம் வராது. எஞ்சினுக்குள் போரோஸ்கோப் என்ற மெல்லிய குழாய்க் கேமராவை விட்டுப் பார்ப்பது, எண்ணெயில் உலோகத்துகள் இருக்கிறதா என்று ஆய்வது, பறந்து பார்ப்பது எல்லாம் அதில் அடங்கும். பரிசோதனைச் செலவு வாங்குகிறவருடையது, பறப்பதற்குத் தகுதி கெடுக்கும் குறைகளைச் சரிசெய்யும் செலவு விற்கிறவருடையது. இதுதான் வழக்கம். இதை முன்பணம் கொடுக்குமுன் எழுதிக்கொள்ளுங்கள்.

அதிகம் பறக்காத விமானம் நல்லது என்று நினைப்பதும் தவறு. நின்றே கிடக்கும் விமானத்தில் ரப்பர் வளையங்கள் காய்ந்து எண்ணெய் கசியும், டயரில் காற்று தானாக இறங்கும். 2008 செப்டம்பரில் அமெரிக்காவின் தென் கரோலினாவில் ஒரு லியர்ஜெட் 60 எழும்ப ஓடும்போது டயர்கள் வெடித்து ஓடுபாதையைத் தாண்டிப் போய் எரிந்தது, நால்வர் இறந்தனர். விசாரணையில் தெரிந்தது, டயர் அழுத்தத்தை யாரும் சுமார் மூன்று வாரமாகச் சோதிக்கவில்லை.

[காட்சி: வண்ணாரப்பேட்டை மெட்ரோ நிலையத்துக்கு வெளியே, நடந்துகொண்டே பேசுதல்.]

வரி விஷயத்தை விரைவாகச் சொல்கிறேன். 2025 செப்டம்பர் 22 முதல் சொந்தப் பயன்பாட்டுக்கான விமானத்துக்கு ஜிஎஸ்டி 40 சதவீதம். வாடகைக்கு ஓட்டும் என்எஸ்ஓபி அனுமதியோடு வாங்கினால் 5 சதவீதம். வித்தியாசத்தைப் பார்த்ததும் கண் விரியும். பெயருக்கு அனுமதி வாங்கிவிட்டுத் தாமே பறந்தவர்கள் சுங்கத்துறையோடு வழக்காடிய கதைகள் உண்டு. கொண்டுவரும் பழைய விமானத்தின் வயதுக்கும் உபயோகத்துக்கும் இந்திய விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு அமைப்பான டிஜிசிஏ வரம்பு வைத்திருக்கிறது. மாடலைத் தேர்ந்தெடுத்த பிறகு அல்ல, அதற்கு முன்பே அதைப் படியுங்கள்.

அடமானத்தையும் பாருங்கள். அமெரிக்க விமானம் என்றால் ஓக்லஹோமா நகரில் உள்ள அமெரிக்க அரசின் விமானப் பதிவேட்டில் ஒரு தேடல், அயர்லாந்திலிருந்து நடத்தப்படும் சர்வதேசப் பதிவேட்டில் இன்னொன்று. எஞ்சின்களைத் தனித்தனியாகத் தேடச் சொல்லுங்கள். விமானம் கடனின்றி இருக்கும்போதே ஒரு எஞ்சின் மட்டும் யாரிடமோ அடமானத்தில் இருக்கலாம். பணத்தை விற்கிறவரிடம் நேரடியாகக் கொடுக்காமல் இருவருக்கும் பொதுவான மூன்றாம் தரப்பிடம் வைத்துத்தான் கைமாற்ற வேண்டும்.

விமானி? நீங்கள் வாங்கும் மாடலில் தகுதி பெற்றவர்கள் இந்தியாவில் எத்தனை பேர் என்று விலை பேசுமுன் விசாரியுங்கள். இருவர் வேண்டும். ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால் விமானமும் படுத்துக்கொள்ளும்.

[காட்சி: மணலி சுத்திகரிப்பு ஆலை, இரவு விளக்குகள்.]

விமானம் மீனம்பாக்கம் வந்து சேர்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 800 முதல் 1,000 லிட்டர் குடிக்கும். அந்த எரிபொருள் நம் மணலி ஆலையில் காய்ச்சப்பட்டுக் குழாய் வழியாகவே விமான நிலையத்துக்குப் போகிறது. புகையும் நெடியும் நம் பக்கம், தண்ணீர்போல் தெளிந்த எண்ணெய் அந்தப் பக்கம். அதன் மேல் தமிழ்நாட்டில் பல ஆண்டுகளாக 29 சதவீத வாட் வரி. ஆண்டுக்கு எத்தனை மணி நேரம் பறப்பீர்கள் என்பதை லிட்டரால் பெருக்கி, வரியோடு ஒரு தாளில் எழுதிக்கொண்டு வாருங்கள். நான் தடைக்காலம் முடியும் வரை காசிமேட்டில்தான் இருப்பேன்.