சுடரின் இரைச்சலைக் கணிப்பது ஏன் இவ்வளவு கடினம்?

வணக்கம். என் முன்னால் ஒரு பன்சன் பர்னர் எரிந்துகொண்டிருக்கிறது. வாயு மெதுவாக வரும்வரை நீலக் கூம்பு ஆடாமல் நிற்கிறது. ஒலிவாங்கியை ஒரு சாண் தொலைவில் வைத்தும் ஒன்றும் கேட்கவில்லை. இப்போது வாயுவையும் காற்றையும் கூட்டுகிறேன். கூம்பின் விளிம்பு கிழிந்து மடிகிறது. சுடர் உறுமத் தொடங்குகிறது.

எரிதல் மட்டும் ஒலியை உண்டாக்குவதில்லை. எரியும் வாயு சூடேறிப் பல மடங்கு விரிந்து சுற்றியுள்ள காற்றைத் தள்ளுகிறது. அந்தத் தள்ளல் ஒரே சீராக இருந்தால் ஒலியலை பிறக்காது, வெப்ப வெளியீடு கணத்துக்குக் கணம் ஏறி இறங்கும்போதுதான் பிறக்கும். 1966-இல் தாமஸ், வில்லியம்ஸ் ஆகிய இரு ஆய்வாளர்கள் சோப்புக் குமிழிகளில் எரிவாயுக் கலவையை நிரப்பி, மின்பொறியால் பற்றவைத்து, எழுந்த ஒலியை அளந்தார்கள். சுடர்க்கோளம் வளர வளர அழுத்தம் ஏறுகிறது. கலவை தீர்ந்ததும் சட்டென்று விழுகிறது. எனக்கு மிகவும் பிடித்த சோதனை இது, ஏனெனில் கொந்தளிப்பான சுடரை இப்படிப்பட்ட எண்ணற்ற குமிழிகள் ஒழுங்கின்றி வெடிக்கும் கூட்டமாகவே கருதலாம். இரண்டே ஆண்டுகளில், சுடர் உமிழும் ஒளி மாறும் வேகமும் ஒலி அழுத்தமும் ஒன்றையொன்று பின்தொடர்வதை ஹர்ல் என்ற ஆய்வாளரின் குழுவினர் காட்டினார்கள்.

சிக்கல் இனிமேல்தான். சுடரில் 100 பகுதிகள் இருப்பதாகக் கொள்வோம். அவை ஒன்றுக்கொன்று தொடர்பின்றித் துடித்தால், மொத்த அழுத்தம் ஒரு பகுதியின் அழுத்தத்தைப் போல 10 மடங்குதான். ஒரே தாளத்தில் துடித்தால் 100 மடங்கு. அதே எரிபொருள், அதே வெப்பம், ஆனால் 20 டெசிபல் வேறுபாடு! ஆகவே எவ்வளவு எரிகிறது என்பதைவிட, எவ்வளவு பெரிய பகுதி சேர்ந்து துடிக்கிறது என்பதே கணிப்பின் உயிர்நாடி.

கணினியில், கொந்தளிக்கும் வாயுவின் பெரிய சுழிகளை நேரடியாகவும் சிறியவற்றைத் தோராயமான கணித மாதிரி கொண்டும் கணக்கிடுகிறார்கள். ஆனால் சுடரின் தடிப்பு பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு; கணக்கிடுவதற்காக இடத்தைப் பிரிக்கும் கட்டங்களோ பெரும்பாலும் அதைவிடப் பெரியவை. அதோடு, திறந்த சுடரின் ஆற்றலில் ஒலியாக வெளியேறுவது பத்து லட்சத்தில் ஒரு பங்கை ஒட்டியோ அதற்கும் குறைவாகவோதான் இருக்கும் என்பதால், கணக்கீட்டின் சிறு பிழைகூடப் பொய்யான இரைச்சலாகிவிடும். எனவே, சோதனையோடு பொருந்தும் வரைபடத்தை யாராவது காட்டினால், வெப்ப வெளியீட்டின் சராசரி சரியா என்று நான் முதலில் கேட்பதில்லை. சேர்ந்து துடிக்கும் பகுதியின் அளவைக் கணக்கிட்டுப் பெற்றார்களா, வரைபடம் பொருந்தும்படி பின்னர் திருத்தினார்களா என்றுதான் கேட்கிறேன்.