காகிதமே வழித்துணை

நடுவர் அவர்களே, எதிரணியில் அமர்ந்திருக்கும் அன்புக்குரிய பேச்சாளர்களே, அவையோரே, எல்லோருக்கும் வணக்கம்.

"1970, 80களில் முதுகில் பையை மாட்டிக்கொண்டு இந்தியாவைச் சுற்றிய வெளிநாட்டுப் பயணிகளுக்கு வழித்துணையாக நின்றது வழியில் வந்த மனிதர்களா, கையில் இருந்த காகிதமா?" இதுதான் இன்றைய தலைப்பு. காகிதமே என்று வாதாட வந்திருக்கிறேன்.

எனக்கு முன்னால் பேசிய அம்மையார், ரயிலில் சப்பாத்தியைப் பிய்த்துக் கொடுத்த குடும்பத்தைப் பற்றிச் சொன்னார். நீங்கள் கைதட்டினீர்கள், நானும் தட்டினேன். அதில் பொய்யே கிடையாது. அந்தக் காலத்துப் பயணிகளின் நினைவுகளை எங்கே கேட்டாலும் அந்தச் சப்பாத்தி வந்துவிடும். ஆனால் ஐயா, சப்பாத்தி கொடுத்த குடும்பம் ஜான்சியில் இறங்கிப் போய்விடும். பயணிக்கு இன்னும் ஐந்து மாதப் பயணம் பாக்கி இருக்கிறது. வழியில் கிடைக்கிற அன்பு வேறு, வழித்துணை வேறு. துணை என்றால் கூடவே வரவேண்டும். கடைசி வரைக்கும் கூடவே வந்தது எது என்பதுதான் கேள்வி.

முதலில் கடிதத்தை எடுத்துக்கொள்வோம். இன்றைக்கு ஒரு லாட்ஜ், நாளைக்கு ஒரு சத்திரம் என்று போகிற ஆளுக்கு வீட்டிலிருந்து கடிதம் எந்த முகவரிக்கு வரும்? அதற்குத்தான் போஸ்ட் ரெஸ்டான்ட் என்ற ஏற்பாடு இருந்தது. ஆள் வந்து கேட்கும்வரை கடிதத்தைத் தபால் நிலையமே வைத்திருக்கும். பெயர், அதற்குக் கீழே போஸ்ட் ரெஸ்டான்ட், ஜி.பி.ஓ., ஊர். அவ்வளவுதான் முகவரி. டிசம்பர் நடுவில் பம்பாய், ஜனவரிக் கடைசியில் மெட்ராஸ் என்று புறப்படும்போதே வீட்டில் சொல்லிவைத்துவிடுவார்கள். ஊருக்கு வந்ததும் ஜி.பி.ஓ. என்கிற தலைமைத் தபால் நிலையத்துக்குப் போய்ப் பாஸ்போர்ட்டைக் காட்டினால், பெயரின் எழுத்துக்கான கடிதக் கட்டை எடுத்து வைப்பார்கள்.

இதில் எங்கே தவறும் தெரியுமா? வெளிநாட்டுப் பெயரில் சொந்தப் பெயர் முன்னால், குடும்பப் பெயர் பின்னால். நம் குமாஸ்தா எதை வைத்துப் பிரிப்பார்? முன்னால் இருக்கிற எழுத்தை வைத்து. அதனால் குடும்பப் பெயர் 'எஸ்' என்று அந்தக் கட்டை மட்டும் பார்த்துவிட்டுக் கடிதம் வரவில்லை என்று சோர்ந்து திரும்பியவர்கள் உண்டு. கடிதமோ 'ஜே' கட்டுக்குள் இருக்கும். அதிலும் இல்லாவிட்டால் 'எம்' கட்டில் இருக்கும், ஏனென்றால் உறை மேல் 'மிஸ்டர்' என்றோ 'மிஸ்' என்றோ போட்டிருப்பார்கள்! விவரம் தெரிந்தவர்கள் வீட்டுக்கு எழுதும்போதே சொல்லிவிடுவார்கள்: மிஸ்டர் போடாதே, குடும்பப் பெயரைப் பெரிய எழுத்தில் எழுதி அடிக்கோடு போடு. தேடுகிறவரும் இரண்டு மூன்று கட்டுகளைப் பார்த்துவிட்டுத்தான் நகர வேண்டும்.

கட்டை எடுத்துக் கொடுத்த குமாஸ்தா மனிதர்தானே என்று எதிரணி கேட்கும். மனிதர்தான், மறுக்கவில்லை. ஆனால் காலையில் இருந்தவர் மாலையில் இருக்க மாட்டார். அந்த மரத்தட்டும், அதில் கிடக்கிற உறையும் இருக்கும். யாருக்கும் யாரையும் தெரியாத இடத்தில் மகனையும் தாயையும் சேர்த்துவைத்தது உறை மேல் எழுதிய ஒரு வரி, ஐயா.

அடுத்தது பணம். ஆறு மாதச் செலவுக்கான டாலரை நோட்டாக இடுப்பில் கட்டிக்கொண்டு இரண்டாம் வகுப்பில் படுக்க முடியுமா? அதனால் டிராவலர்ஸ் செக், அதாவது முன்கூட்டியே பணம் கட்டி வாங்கிக்கொள்ளும் பயணக் காசோலை. வாங்கும்போது ஒரு கையெழுத்து, மாற்றும்போது காசாளர் கண் முன்னால் இன்னொரு கையெழுத்து. எல்லாக் கிளையிலும் மாற்ற மாட்டார்கள், அந்நியச் செலாவணிப் பிரிவு இருக்கிற கிளையைக் கண்டுபிடிக்க வேண்டும். அன்றைக்கு வங்கிக் கவுன்டர் பகல் 2 மணிக்கு மூடிவிடும், சனிக்கிழமை 12க்கே மூடிவிடும். படிவம் எழுதி, லெட்ஜரில் பதிந்து, அதிகாரி கையெழுத்துப் போட்டு, பித்தளை டோக்கன் வாங்கி, கூண்டுக்குள்ளிருந்து எண்ணைக் கூப்பிடும்வரை உட்கார்ந்திருக்க வேண்டும். அவசரப்பட்டு முன்கூட்டியே இரண்டாவது கையெழுத்தைப் போட்டுக்கொண்டு போனவர் மாட்டிக்கொள்வார். கண் முன்னால் போடாத கையெழுத்து செல்லாது. காய்ச்சலில் கிடந்து எழுந்து வந்து கை நடுங்கினால், பின்பக்கம் மறுபடி போடச் சொல்வார்கள்.

இவ்வளவு தொல்லை எதற்கு? நோட்டு போனால் போனதுதான். செக் போனால், அதன் எண்ணைச் சொல்லிப் பணத்தைத் திரும்பப் பெறலாம். செக் ஒரு பையில், வாங்கிய ரசீதும் எண்களின் பட்டியலும் வேறு பையில். இந்த ஒரு ஒழுங்கைக் கடைப்பிடித்தவர் திருட்டுக்குப் பிறகும் பயணத்தைத் தொடர்ந்தார். இரண்டையும் ஒன்றாக வைத்தவருக்கு ஊருக்குத் தந்தி அடிப்பதைத் தவிர வேறு வழி இல்லை. தந்தி வழியாகப் பணம் வரவழைத்தாலும் கிளையின் பெயர் சரியாக இருக்க வேண்டும், பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடி இருக்க வேண்டும். ஒரே வங்கிக்கு ஒரே ஊரில் பல கிளைகள். பணம் ஒரு கிளையில் வந்து கிடக்க, ஆள் இன்னொரு கிளையில் தினம் வந்து கேட்டுக்கொண்டிருப்பார்.

செக்கை மாற்றியதும் வங்கி ஒரு சின்னச் சீட்டு கொடுக்கும். என்காஷ்மென்ட் சர்டிபிகேட், வெளிநாட்டுப் பணத்தை வங்கியில் மாற்றியதற்கான சான்று. பலர் அதை அலட்சியமாக மடித்துச் சட்டைப் பையில் போட்டுவிடுவார்கள். அவையோரே, அன்றைக்கு அந்தச் சீட்டுதான் பயணத்தின் அச்சாணி. சுற்றுலாப் பயணிகள் ஒதுக்கீட்டில் ரூபாய் கொடுத்து ரயில் டிக்கெட் வாங்க அது வேண்டும். மிச்ச ரூபாயை ஊருக்குப் போகும்போது திரும்ப மாற்ற அது வேண்டும். அன்றைக்கு 120 நாளைத் தாண்டித் தங்கினால் வருமான வரி அலுவலகத்தில் சான்றிதழ் வாங்காமல் நாட்டை விட்டுப் போக முடியாது. சொந்தப் பணத்தில்தான் செலவு செய்தேன், இங்கே சம்பாதிக்கவில்லை என்று அங்கே சொல்லுகிற சாட்சியும் அந்தச் சீட்டுகள்தான். சப்பாத்தி கொடுத்த குடும்பம் அங்கே சாட்சிக்கு வருமா?

இப்போது ரயில். 1980களின் நடுவில் புது டில்லியில் கம்ப்யூட்டர் முன்பதிவு தொடங்கும்வரை எல்லாம் பதிவேடுதான். எந்த வண்டி, எந்தத் தேதி, அதற்கு ஒரு ஏடு. நல்ல வண்டிகள் பல நாள் முன்பே நிரம்பிவிடும். வாரணாசியில் எத்தனை நாள் தங்குவோம் என்று தனக்கே தெரியாத பயணி எப்படி முன்பதிவு செய்வார்? அதற்காகத்தான் வெளிநாட்டுப் பயணிகளுக்குச் சில பெர்த்துகளை ஒதுக்கிவைத்தார்கள். புது டில்லி நிலையத்தில் மாடிக்கு ஏறிப் போனால் அதற்கென்றே தனி அலுவலகம். வேண்டியவை பாஸ்போர்ட், என்காஷ்மென்ட் சீட்டு, நிரப்பிய படிவம். படிவத்தில் வண்டி எண்ணும் பெயரும் எழுத வேண்டும். வண்டியே தெரியாமல் வரிசையில் நின்றால் மறுபடி கடைசிக்குப் போக வேண்டியதுதான்.

ஆகவே கால அட்டவணை. கல்கத்தாவிலிருந்து வெளிவந்த நியூமேன்ஸ் இண்டியன் பிராட்ஷாவைப் பக்கம் பக்கமாகப் படித்தவர்கள் வழி தவறவில்லை. ஏன் சொல்கிறேன் என்றால், அன்றைக்கு இந்தியாவில் இருந்தது ஒரு ரயில்வே இல்லை, அகலப் பாதை ஒரு உலகம், மீட்டர் பாதை இன்னொரு உலகம், தண்டவாள இடைவெளியே வேறு. மெட்ராஸில் சென்ட்ரல் அகலப் பாதை, எழும்பூர் மீட்டர் பாதை. ராமேஸ்வரம் போய் இலங்கையின் தலைமன்னாருக்குக் கப்பல் ஏற நினைத்தவர் சென்ட்ரலில் போய் நின்றால் வண்டி கிடைக்காது. பம்பாயிலிருந்து கோவாவுக்கு நேர் ரயிலே கிடையாது. மீரஜ் வரைக்கும் அகலப் பாதையில் வந்து, அங்கே பையைத் தூக்கிக்கொண்டு மீட்டர் பாதை வண்டிக்கு மாற வேண்டும். கொங்கண் ரயில் பாதை முழுதாகத் திறந்தது 1998இல்தான். மீரஜில் இறங்க வேண்டும் என்று எழுதியிருந்தது அட்டவணையில்.

அந்த டிக்கெட்டைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். இரண்டேகால் அங்குல நீளத்தில் கெட்டி அட்டை. புறப்படும் ஊர், சேரும் ஊர், வகுப்பு, கட்டணம் எல்லாம் அச்சில். ஓரத்தில் தேதி, இயந்திரத்தில் அழுத்தியதால் மை இல்லாமலே விரலால் தடவினால் தெரியும். பெட்டி எண்ணையும் பெர்த் எண்ணையும் பின்பக்கம் பேனாவால் எழுதிக் கொடுப்பார்கள். வியர்வையில் அது கலங்கிவிட்டால்? பெட்டியின் வெளியே ஒட்டிய சார்ட்டைப் பார்க்க வேண்டும். வெளிநாட்டுப் பெயரை எப்படி எழுதியிருப்பார்கள் என்று யாருக்கும் தெரியாது. அதனால் பெயரைத் தேடக் கூடாது. வயதையும் ஆண், பெண் என்ற கட்டத்தையும் தேட வேண்டும். 'எஃப் 23' என்று கண்ணில் பட்டால், பக்கத்தில் இருக்கிற விநோதமான எழுத்துக்கூட்டுதான் அந்தப் பெண்ணின் பெயர்.

எதிரணித் தலைவர், "மனமிரங்கிய டி.டி.ஆர். பெர்த் கொடுத்தாரே" என்று உருகினார். கொடுத்தார். எதைப் பார்த்துக் கொடுத்தார்? கையில் இருந்த சார்ட்டில் வராத ஆளின் பெயரைப் பார்த்துக் கொடுத்தார். கொடுத்துவிட்டு ரசீதும் போட்டார். சார்ட் இல்லாத இரக்கத்துக்குப் படுக்க இடம் கிடைக்காது.

டார்ஜிலிங், சிக்கிம், அந்தமான் இவற்றுக்குப் போக அனுமதிச் சீட்டு வேண்டியிருந்ததை விரிக்கவில்லை. நம் ஊர்ச் செய்தி ஒன்று மட்டும். தமிழ்நாட்டில் மதுவிலக்கு இருந்த நாட்களில், வெளிநாட்டுப் பயணி ஒரு பாட்டில் பீர் வாங்க வேண்டும் என்றால் மத்திய அரசின் சுற்றுலா அலுவலகத்தில் மது பெர்மிட் வாங்கி வரவேண்டும். வாங்கிய அளவை அந்தப் பெர்மிட்டிலேயே குறித்துக் கொடுப்பார்கள்.

தரை வழியாக வந்தவர்கள் கதை இன்னும் கடினம். இஸ்தான்புல், தெஹ்ரான், காபூல், பெஷாவர், லாகூர் வழியாக வேனில் வந்தவர்களிடம் கார்னே என்கிற சுங்கப் புத்தகம் இருக்கும். ஒவ்வொரு எல்லையிலும் வண்டி உள்ளே வந்ததற்கு ஒரு முத்திரை, வெளியே போனதற்கு ஒரு முத்திரை. பணம் தீர்ந்துபோய் வண்டியை இங்கேயே விற்றுவிட்டால், வெளியேறிய முத்திரை விழாது. முழுச் சுங்கவரியும் தலையில் விழும். 1979இல் ஈரானில் புரட்சியும், அந்த ஆண்டுக் கடைசியில் ஆப்கானிஸ்தானுக்குள் சோவியத் படையும் வந்த பிறகு அந்தப் பாதையே அறுந்துபோனது.

காகிதம் பயணியை வதைத்தது என்கிறார்கள். வதைத்தது உண்மைதான், அதை நான் மறைக்கப் போவதில்லை. வங்கிக் கட்டு நோட்டுகளை ஊசிபோட்டுத் தைத்திருப்பார்கள். பிய்த்து எடுத்தால் ஓட்டை, ஓட்டை பெரிதானால் கிழிசல், கிழிந்த நோட்டைப் பெட்டிக்கடையில்கூட வாங்க மாட்டார்கள். லாட்ஜில் நடுராத்திரி வந்து இறங்கினாலும் பதிவேட்டையும், வெளிநாட்டவருக்கான 'சி' பாரம் என்கிற படிவத்தையும் நிரப்பாமல் சாவி கிடையாது. பாஸ்போர்ட் எண், விசா எண், எங்கிருந்து வருகிறீர், எங்கே போகிறீர். ஆனால் ஒன்றை யோசியுங்கள். கூட வந்தவர் காணாமல் போனால், தேடுகிறவர்கள் முதலில் கேட்டது எதை? அந்தப் பதிவேட்டில் 'எங்கே போகிறீர்' என்ற கட்டத்தைத்தான்.

எதிரணிக்குப் பிடித்த தையல்காரருக்கு வருகிறேன். ஜி.பி.ஓ. வாசலில் உட்கார்ந்து பார்சல் தைப்பாரே, அவர்தான். அவர் கைத்திறனுக்கு நானும் தலைவணங்குகிறேன். அட்டைப் பெட்டியைக் காடாத் துணியில் சுற்றி, மூலைகளை மடித்து, நெருக்கமாகத் தையல் போடுவார். தையல் நெடுக இரண்டு விரல் இடைவெளிக்கு ஒரு சொட்டு அரக்கை உருக்கி விட்டு, ஆறுமுன் முத்திரையை அழுத்துவார். தையலைப் பிரித்தால் அரக்கு உடையும், உடைந்தால் தெரிந்துவிடும். முகவரியை அழியாத மையில் துணி மேலேயே எழுத வேண்டும், மை காயும்வரை கை வைக்கக் கூடாது. இவ்வளவும் முடித்த பிறகு பார்சல் நகருமா? நகராது. உள்ளே என்ன, மதிப்பு எவ்வளவு என்று சுங்கப் படிவம் எழுதி மேலே ஒட்டிய பிறகுதான் தராசில் ஏறும். தபால்தலையை ஒட்டிக் கொடுத்தால் போதாது, கண் முன்னால் முத்திரை குத்தச் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் நகர வேண்டும். முத்திரை விழாத தலையை உரித்து எடுத்துவிடலாம், பார்சல் அங்கேயே நின்றுவிடும். கப்பலில் போனால் மாதக்கணக்கில் ஆகும். அதுவரை அந்தப் பொருள் தன்னுடையது என்று சொல்லப் பயணி கையில் இருப்பது ரசீது ஒன்றுதான்.

முடிக்கிறேன் ஐயா. அம்மையார் சொன்ன அந்தச் சப்பாத்தி இந்த மேடைக்கு எப்படி வந்தது? கொடுத்த குடும்பம் வந்து சொல்லவில்லை. அவர்கள் பெயரே யாருக்கும் தெரியாது. அன்றைக்கு மாலை அந்தப் பயணி மடித்தால் தானே உறையாகிவிடும் நீல நிற ஏரோகிராம் ஒன்றைத் தொடையில் வைத்துக்கொண்டு எழுதினார். உள்ளே வேறு எதையும் வைக்கக் கூடாது, ஒரே தாள்தான். அதனால் எழுத்தைப் பொடியாக்கி, ஓரங்களில் திருப்பித் திருப்பி எழுதி, மடிக்கிற பட்டையில்கூட இடம் விடாமல் நிரப்பினார். ரயிலில் ஒரு குடும்பம் சாப்பாடு கொடுத்தது, ஜான்சியில் இறங்கிப் போனார்கள் என்று அதில் இருக்கிறது. அவர் தாய் அதைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்தார்.

நன்றி, வணக்கம்.